கொலுவுக்கு ஊதுகண்ணாடி: தர்மம் செய்யும் ஸ்டூடியோவா, ஃபிரோசாபாத்தா, பிளைண்ட் ஸ்கூல் மேளாவா?

டெல்லியில் ஆர்.கே.புரம், மயூர் விஹார், கரோல் பாக் பக்கம் கொலு வைக்கும் வீடுகளில், வெற்றிலை பாக்கோடு என்ன வைத்துக் கொடுப்பது என்ற பேச்சு ஆவணி பிறந்ததுமே ஆரம்பித்துவிடும். பிளாஸ்டிக் டப்பா வேண்டாம். எவர்சில்வர் கிண்ணம் எல்லார் வீட்டுப் பரணிலும் குவிந்து கிடக்கிறது. அதனால் கையால் ஊதிய கண்ணாடியின் பக்கம் பலருக்கு மனசு போகிறது: குங்குமச் சிமிழ், சின்ன அகல், டம்ளர் என்று.

டெல்லிக்காரர்களுக்கு இதில் மூன்று வழி இருக்கிறது. "எங்கள் லாபத்தில் பத்து சதவீதம் தொண்டுக்கு" என்று அட்டை கட்டி விற்கும் கண்ணாடி ஸ்டூடியோ கடைகள் ஒன்று. கண்ணாடித் தொழிலுக்குப் பேர்போன ஃபிரோசாபாத்துக்கு நேரே போவது இன்னொன்று. பார்வையற்றோருக்குப் பயிற்சி தரும் அமைப்பு நடத்தும் பிளைண்ட் ஸ்கூல் மேளா மூன்றாவது. ஐம்பது பேருக்குக் கொடுப்பதாக இருந்தால் ஃபிரோசாபாத்தில் வாங்கி, மிச்சமாகும் பணத்தில் நீங்களே நன்கொடை கொடுப்பதுதான் மேல் என்பது என் கட்சி. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு, பிறகு வருகிறேன்.

முதலில் ஸ்டூடியோ. அட்டையில் இருக்கும் பத்து சதவீதம் எதில் பத்து என்று பாருங்கள். ஒரு கணக்குக்கு டம்ளர் விலை 600 ரூபாய், கடைக்கு நிற்கும் லாபம் 90 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். லாபத்தில் பத்து சதவீதம் என்றால் தொண்டுக்குப் போவது 9 ரூபாய். விற்பனை விலையில் பத்து என்றால் 60 ரூபாய். ஐம்பது டம்ளருக்கு ஒன்று 450, மற்றது 3,000. வாங்குகிறவர் மனசில் பெரும்பாலும் ஓடுவது 3,000தான்.

கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. கம்பெனிச் சட்டத்தின் 135-ம் பிரிவு, நிகர லாபம் 5 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர மதிப்பு 500 கோடி என்ற மூன்றில் ஒன்றையாவது தொட்ட கம்பெனிகளைத்தான் 2 சதவீதம் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது. சின்ன ஸ்டூடியோவுக்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. தன் இஷ்டத்தில் கொடுக்கிறது, அது பெரிய மனசு. ஆனால் கட்டாயம் இல்லாததால் ஊருக்குக் கணக்குக் காட்ட வேண்டிய அவசியமும் இல்லை. எந்த அறக்கட்டளைக்கு, போன வருஷம் எவ்வளவு, ரசீது உண்டா என்று நாம்தான் கேட்க வேண்டும். நல்ல கடை இதற்குக் கோபித்துக்கொள்ளாது. ஒரு பொருளுக்கு இத்தனை ரூபாய் என்று பில்லிலேயே போடும் கடை கிடைத்தால், விலை கொஞ்சம் கூட இருந்தாலும் நான் அங்கே வாங்குவேன். மாதம் தவறாமல் வரும் சின்னத் தொகை ஒரு சிறிய அமைப்புக்கு எவ்வளவு பெரிய தெம்பு என்பது அதை நடத்துகிறவர்களுக்குத் தெரியும்.

கண்ணாடியிலும் வித்தியாசம் இருக்கிறது. நகரத்து ஸ்டூடியோக்களில் பல, போரோசிலிகேட் என்ற சூடு தாங்கும் கண்ணாடிக் குழாயை டார்ச் நெருப்பில் காட்டி ஊதுகின்றன. ஓர் அறையும் எல்பிஜியும் ஆக்சிஜனும் இருந்தால் போதும். ஃபிரோசாபாத்தின் வழக்கமான சரக்கு, மணலும் சோடா சாம்பலும் சுண்ணாம்புக்கல்லும் உருகிய உலைக் கண்ணாடி. சூட்டில் போரோசிலிகேட் விரிவது இதில் மூன்றில் ஒரு பங்குதான். அதனால் டபராவிலிருந்து நுரை பொங்க ஃபில்டர் காபி ஊற்றிக் குடிக்கத்தான் டம்ளர் என்றால் போரோசிலிகேட் வாங்குங்கள். கனத்த உலைக் கண்ணாடியில் கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் விரிசல் விட்டுவிடும். மோருக்கும் பானகத்துக்கும் அது தாராளமாகப் போதும்.

இப்போது ஃபிரோசாபாத். ஆக்ராவிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். டெல்லியிலிருந்து ஹௌரா லைனில் துண்ட்லாவுக்கு அடுத்து வரும். ஊரே உலையை நம்பி நிற்கிறது. தாஜ்மகாலைக் காப்பாற்ற, 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த வட்டாரத் தொழிற்சாலைகளை நிலக்கரியை விட்டு இயற்கை எரிவாயுவுக்கு மாறச் சொன்னது. பெரிய உலையை ராத்திரி அணைத்துவிட்டுக் காலையில் பற்றவைக்க முடியாது. ஆறினால் உலையே விரிசல் கண்டுவிடும். ஆர்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கேஸ் எரிந்துகொண்டேதான் இருக்க வேண்டும். பேரம் பேசும்போது இது நம் நினைவில் இருக்க வேண்டும்.

ஊதுகிறவரைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். நீளமான இரும்புக் குழாயின் நுனியில், ஆயிரம் டிகிரிக்கு மேல் கொதிக்கும் குழம்பைச் சுற்றி எடுக்கிறார். இரும்புப் பலகையில் உருட்டுகிறார், ஒரு சின்ன ஊது, மறுபடி உருட்டல். கை நிற்கவே நிற்காது. சுழற்றுவதை ஒரு நொடி விட்டால் கண்ணாடி தேன் மாதிரி ஒரு பக்கம் தொங்கிவிடும். உருவம் வந்ததும் அதை மெல்லச் சூடு தணியும் அடுப்புக்கு அனுப்ப வேண்டும். அவசரமாக ஆறிய கண்ணாடி ஒரு நாள் சும்மா வைத்த இடத்திலேயே வெடிக்கும். வாங்கும்போது டம்ளரைக் கவிழ்த்து அடியைப் பாருங்கள். செய்யும்போது அடியில் ஒட்டிப் பிடித்த கம்பியை ஒடித்து எடுத்த வடு சில பொருள்களில் தெரியும். அதை வழவழவென்று தேய்த்துக் கொடுத்திருக்கிறார்களா என்று விரலால் தடவிப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். சின்னக் காற்றுக் குமிழி குறையில்லை. விளிம்பில் கீறல் இருந்தால் தள்ளிவிடுங்கள்.

மறுபடி அதே கணக்கு. அங்கே டம்ளர் 200 ரூபாய் என்று வைத்தால் ஐம்பதுக்கு 10,000. ஸ்டூடியோவில் 30,000. போக்குவரத்து, உடைசலுக்காக ஐந்து கூடுதல் டம்ளர், எல்லாம் சேர்த்து 4,000 போனாலும் 16,000 மிச்சம். அதில் பாதியைக் கூஞ்ச் போன்ற தொண்டு அமைப்புக்கோ, நம் பிள்ளைகள் படிக்கும் தமிழ்ப் பள்ளியில் கட்டணம் கட்ட முடியாத ஒரு குழந்தைக்கோ கொடுத்தாலும், அட்டையில் போட்ட பத்து சதவீதத்தைவிடப் பல மடங்கு. நன்கொடைக்கு வருமான வரிக் கழிவு கிடைக்கும் பதிவு (80ஜி என்பார்கள்) உள்ள அமைப்புக்குக் கொடுத்தால் ரசீதும் உங்கள் பெயரில் வரும். பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்குக் கழிவு உண்டு, ஆனால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்காது. கடை கொடுக்கும் நன்கொடைக்கு வரும் கழிவு கடைக்குத்தான்.

நிபந்தனை என்று சொன்னேனே, அது கூலி பற்றியது. ஃபிரோசாபாத்தில் விலை குறைவாக இருப்பதற்கு ஒரு காரணம் அங்கே உழைப்பு மலிவாகக் கிடைப்பது. வளையல் தொழிலில், சின்னச் சுடரில் முனையை ஒட்டும் வேலை வீடுகளில் நடக்கிறது, குழந்தைகளின் கையும் அதில் பட்டிருக்கிறது. அடித்துப் பேரம் பேசி 200-ஐ 150 ஆக்கிவிட்டு, மிச்சத்தைத் தொண்டுக்குக் கொடுப்பது எனக்கு ஒப்பவில்லை. சொன்ன விலையைக் கொடுங்கள். பட்டறையைப் பார்க்க முடியுமா, யார் செய்கிறார்கள் என்று கேளுங்கள். காட்டத் தயங்கும் இடத்தில் வாங்காதீர்கள்.

பிளைண்ட் ஸ்கூல் மேளா தீபாவளியை ஒட்டி வருவதால் கொலுவுக்கு உதவாது. லால் பகதூர் சாஸ்திரி மார்க்கில் பிளைண்ட் ரிலீஃப் அசோசியேஷன் நடத்துவது. வெளிக் கடைகளும் இருக்கும். ஆனால் அங்கே பயிற்சி பெறுகிறவர்கள் செய்யும் மெழுகுவர்த்தியும் விளக்கும்தான் வாங்க வேண்டியவை. தீபாவளிக்குப் பத்துப் பதினைந்து பேருக்குக் கொடுக்க இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

இரண்டு மூன்று பேருக்குத்தான் பரிசு என்றால் ஃபிரோசாபாத் போவது வீண் அலைச்சல், ஸ்டூடியோவிலேயே வாங்கிவிடலாம். ஐம்பது என்றால் ஆடி முடிவதற்குள் ஆர்டர் கொடுத்துவிடுங்கள், பண்டிகை நெருங்கினால் உலைகளில் மொத்த வியாபாரிகளின் சரக்குதான் ஓடும். அப்புறம், அட்டைப்பெட்டியில் வைக்கோல் வைத்துக் கட்டச் சொல்லுங்கள். நன்கொடைப் பணத்தை டம்ளர் வந்து சேர்ந்த அன்றைக்கே அனுப்பிவிடுங்கள், தள்ளிப்போட்டால் அது பட்சணச் செலவில் கரைந்துவிடும்.