சீனாவுல ஷென்ஜென் நகரத்துல "மாற்றுத்திறனாளிகள் செஞ்ச கிஃப்ட்"னு விக்கிறாங்க, ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிருங்க

சிங்கப்பூர்ல கம்பெனிகளுக்கு கிஃப்ட் சப்ளை பண்றவங்க, புதுசா இந்தத் தொழிலுக்கு வரலாம்னு இருக்கிறவங்க, தயவுசெஞ்சு கடைசி வரைக்கும் படிங்க. ஷென்ஜென்ல ஒரு கூட்டம் "நாங்க சோஷியல் என்டர்பிரைஸ், அதாவது சமூக நலனுக்காக நடத்துற தொழில், எங்ககிட்ட வேலை பாக்குற அறுபது பேரும் மாற்றுத்திறனாளிங்க"ன்னு சொல்லி ஆர்டர் பிடிக்குது. நான் அவங்களுக்கு முழுப் பணமும் கட்டி சரக்கு எடுத்தேன். சரக்கு சொன்ன தேதிக்கு வந்துச்சு, எண்ணிக்கையும் சரி. ஆனா அவங்க சொன்ன அந்த அறுபது பேர் எங்கயுமே இல்ல.

என் கஸ்டமர் ஒரு பெரிய கம்பெனி, வருஷக் கடைசியில ஸ்டாஃப் எல்லாருக்கும் கிஃப்ட் குடுப்பாங்க. இந்த தடவை ஹெச்ஆர் மேடம் சும்மா ஒரு பொருளா இல்லாம நாலு பேரு வாழ்க்கைக்கு உதவுற இடத்துல வாங்கணும்னு கேட்டாங்க, நல்ல மனசோட கேட்டாங்க. மூங்கில் பேனா ஸ்டாண்ட், அதுலயே ஃபோன் வயர் இல்லாம சார்ஜ் ஆகும், கூட ஒரு துணிப் பை. அவங்க ஏஜென்ட் பொண்ணு வீசாட் ஆப்ல போட்டோவா அனுப்பிச்சு, வீல்சேர்ல உக்காந்து ஒருத்தர் சால்டரிங் பண்றாரு, காது கேக்காத பசங்க சைகையில பேசிக்கிட்டே பேக்கிங் பண்றாங்க, பாத்ததும் மனசு இளகிரும். மத்த இடத்தை விட விலை கிட்டத்தட்ட பாதி ஜாஸ்தி, கேட்டா அந்த வித்தியாசம் வொர்க்கருங்க நல நிதிக்குப் போகுதுன்னாங்க. சர்டிஃபிகேட் கேட்டேன், வந்துச்சு. கம்பெனி பதிவு கேட்டேன், ஹாங்காங் பதிவு வந்துச்சு, தேடிப் பாத்தா அந்தப் பேர்ல கம்பெனி நிஜமாவே இருக்கு. பணமும் அதே பேர்ல ஹாங்காங் அக்கவுன்ட்டுக்குத்தான் போச்சு. அவங்க ஏமாத்து வேலையே இந்த இடத்துலதான். ஹாங்காங்ல ஒரு கம்பெனி திறக்கிறது சுலபம், அந்தப் பதிவு அப்படி ஒரு கம்பெனி இருக்குன்னு மட்டும்தான் சொல்லும், ஷென்ஜென்ல தொழிற்சாலை இருக்கா, அதுல யார் வேலை பாக்குறாங்கன்னு ஒண்ணும் சொல்லாது.

பெட்டியைப் பிரிச்சதும் ஸ்டாண்ட் அடியில "சிறப்புக் கைகள் செய்தது"ன்னு ஆங்கிலத்துல ஒரு ஸ்டிக்கர். ஒண்ணு ரெண்டுல ஸ்டிக்கர் பாதி கிளம்பி இருந்துச்சு, கீழ வேற ஒரு ஃபேக்டரி பேரு. அந்தப் பேரை வச்சு 1688-ங்கிற சீன மொத்த விற்பனைத் தளத்துல தேடினா அதே மாடல், அதே கலர், நான் குடுத்ததுல பாதிக்கும் கம்மியான விலையில யாரு வேணாலும் வாங்கலாம். அப்புறம் அந்த போட்டோக்களைத் தேடினேன், வீல்சேர்காரர் போட்டோ சீனாவுலயே வேற ஒரு நிறுவனத்தைப் பத்தின பழைய செய்தியில வந்தது. அந்த மனுஷருக்கு தன் முகம் இப்படி வியாபாரம் ஆகுதுன்னு தெரியவே தெரியாது. எனக்கு பணம் போனதை விட இதுதான் தூக்கம் வராம பண்ணுச்சு.

நேர்லயே போயிட்டேன். ஷென்ஜென்ல லோங்காங் பக்கம், ஒரு ஆபீஸ் கட்டடத்துல ஒரே ரூம், மூணு மேஜை. ஒர்க்ஷாப் எங்கன்னு கேட்டா பக்கத்து ஊர் டோங்குவான்ல இருக்குன்னாங்க, சரி டோங்குவான் போகலாம் வாங்கன்னா இல்ல இப்ப ஹுய்ஜோவுக்கு மாத்திட்டோம்னாங்க. சீனாவுல கம்பெனி லைசென்ஸை கண்ணுல படுற மாதிரி மாட்டி வைக்கணும், அங்கயும் சுவத்துல இருந்துச்சு. அதுல இருக்கிற கியூஆர் கோடை என்கூட வந்த உள்ளூர் ஃப்ரெண்ட் ஸ்கேன் பண்ணி, அந்தக் கம்பெனி அரசாங்கத்துக்கு குடுத்த வருஷாந்திர அறிக்கையை எடுத்துக் காட்டினாரு. சமூகக் காப்பீடு கட்டுறவங்க எத்தனை பேர்னு ஒரு வரி இருக்கும், நம்ம சிங்கப்பூர் சேமநிதி சிபிஎஃப் மாதிரின்னு வச்சுக்கோங்க. அந்த வரியில இருந்த எண் 3.

இது எப்படி நடக்குதுன்னா, சீனாவுல கம்பெனிச் சட்டத்துல "சோஷியல் என்டர்பிரைஸ்"னு தனியா ஒரு பதிவு வகையே கிடையாது. நிஜமா நடத்துறவங்களே சாதாரண கம்பெனியாவோ லாபநோக்கமில்லாத அமைப்பாவோதான் பதிவு பண்ணி நடத்துறாங்க. 2015-ல ஷென்ஜென் அறக்கொடைக் கண்காட்சியில இருந்து ஒரு சான்றிதழ் முறை ஆரம்பிச்சாங்க, அது அரசாங்கம் குடுக்கிறது இல்ல, துறையில இருக்கிற அமைப்புகள் சேந்து குடுக்கிறது. 2018-ல செங்டு நகரம் தனியா கொள்கை கொண்டுவந்துச்சு. ஆக இந்தப் பேரை யாரு வேணாலும் விசிட்டிங் கார்டுல போட்டுக்கலாம்.

இதுல இன்னொரு அசிங்கமும் இருக்கு. அங்க சட்டப்படி ஒரு நிறுவனத்துல மொத்த வேலைக்காரங்கள்ல குறைஞ்சது 1.5 சதவீதம் மாற்றுத்திறனாளிங்களா இருக்கணும், இல்லன்னா அதுக்குன்னு ஒரு நிதிக்குப் பணம் கட்டணும். அந்தப் பணத்தைத் தவிர்க்கிறதுக்காக சில கம்பெனிங்க மாற்றுத்திறனாளிங்களோட அடையாள கார்டை மட்டும் வாங்கி வச்சுக்கிட்டு, பேரை லிஸ்ட்ல ஏத்திட்டு, மாசம் ஏதோ கொஞ்சம் குடுத்து வீட்டுலயே இருன்னுருவாங்க. இதுக்கு "குவாகாவ்"னு பேரு. வேலை வேணும், வெளிய வரணும், நாலு பேரோட பழகணும்னு நினைக்கிற ஒரு பையனை பேப்பர்ல மட்டும் தொழிலாளி ஆக்கி வீட்டுல பூட்டி வைக்கிறது எவ்வளவு பெரிய அநியாயம். என்கிட்ட வித்தவங்க அதையும் தாண்டி, பேப்பர்ல கூட ஆள் இல்லாம வித்துட்டாங்க.

இதே ஊர்லதான் ஜெங் வெய்நிங்னு ஒருத்தர், ரத்தம் சரியா உறையாத ஹீமோஃபிலியா நோயாளி, 1997-ல சில மாற்றுத்திறனாளி நண்பர்களோட கம்ப்யூட்டர் வேலை ஆரம்பிச்சாரு. அது ட்சான்யோ குழுமம்னு வளந்து சாஃப்ட்வேர், அனிமேஷன்னு போச்சு, அவரோட பங்குகள்ல பெரும்பகுதியை அறக்கட்டளைக்கே எழுதி வச்சாரு. இரக்கப்பட்டு வாங்குங்கன்னு அவங்க கேக்கல, தரத்தை வச்சு போட்டி போட்டாங்க. அப்படிப்பட்ட ஊர் பேரை இவனுங்க கெடுக்கிறானுங்க. இந்த விஷயத்தை நானே ஹெச்ஆர் மேடத்துகிட்ட போய் சொன்னேன், லாபத்தையும் திருப்பிக் குடுத்தேன், அவங்க ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு "இனிமே சோஷியல் என்டர்பிரைஸ்ங்கிற பேச்சே வேணாங்க, நேரா கடையில வாங்கிக்கிறோம்"னுட்டாங்க. ஒழுங்கா நடத்துற எத்தனை பேருக்கு இதனால ஆர்டர் போகாது பாருங்க.

பேரைப் போடலையேன்னு கேப்பீங்க. இங்கிலீஷ் பேரு சீனாவுல சட்டப்படி செல்லாது, நாளைக்கே வேற பேர்ல வருவாங்க, அதனால பேரை வச்சுப் பிடிக்க முடியாது. ஆர்டருக்கு முன்னாடி சீன எழுத்துல கம்பெனி பேரும் 18 இலக்க பதிவு எண்ணும் வாங்குங்க, அதை வச்சு அரசாங்கத் தளத்துலயோ கம்பெனி விவரம் காட்டுற தியான்யான்சா, சிச்சாசா ஆப்லயோ காப்பீடு கட்டுறவங்க எண்ணிக்கையைப் பாருங்க. சிலர் அந்த எண்ணை மறைச்சு வச்சிருப்பாங்க, அப்ப நேரா அவங்ககிட்டயே ஆதாரம் கேளுங்க. ஏன்னா மாற்றுத்திறனாளிகளை வேலைக்கு வச்சதுக்கு வாட் வரியைத் திரும்ப வாங்கணும்னா பொதுவா குறைஞ்சது 10 பேர், மொத்தத்துல 25 சதவீதம் இருக்கணும், காப்பீடு கட்டணும், சம்பளம் பேங்க் வழியா போகணும். நிஜமா நடத்துறவங்ககிட்ட இந்தப் பேப்பர் எல்லாம் கையிலயே இருக்கும், கேட்டா கோவப்பட மாட்டாங்க, சந்தோஷமா காட்டுவாங்க. ஒப்பந்தம் சீன மொழியில, அந்தச் சீனப் பேரு இருக்கிற சிவப்பு வட்ட முத்திரையோட இருக்கட்டும், பணமும் அதே பேரு அக்கவுன்ட்டுக்குத்தான் போகணும், ஹாங்காங் அக்கவுன்ட்டுன்னா நிறுத்திருங்க. 2024 பிப்ரவரியில இருந்து சிங்கப்பூர் பாஸ்போர்ட்டுக்கு 30 நாள் வரை விசா வேண்டாம், பெரிய ஆர்டர்னா போய்ப் பாத்துட்டே குடுங்க.

பேங்க்ல கேட்டதுக்கு, போன பணத்தைத் திருப்ப முடியாதுன்னுட்டாங்க. ஃப்ரெண்டு மூலமா சீனாவோட நுகர்வோர் புகார் எண் 12315 லைன்ல பொய் விளம்பரம்னு புகார் குடுத்திருக்கோம், இன்னும் பதில் வரல.

இப்ப அட்வான்ஸ் மட்டும் கட்டிட்டு மீதிக்குக் காத்திருக்கிறவங்க யாராவது இருந்தா, சீனப் புத்தாண்டுக்கு ஃபேக்டரி மூடப் போகுது, இன்னைக்கே கட்டலன்னா சரக்கு ரெண்டு மாசம் தள்ளிப் போகும்னு உங்களை விரட்டுவாங்க, என்னையும் அப்படித்தான் விரட்டினாங்க. புத்தாண்டுக்கு மூடுறது உண்மைதான். சரக்கு லேட்டானா கஸ்டமர்கிட்ட பேசிக்கலாம், அந்த 18 இலக்க எண் கையில வராம மீதிப் பணத்தை அனுப்பாதீங்க.