காணாமல் போன போர் விமானியைத் தேடித்தரும் சேவைகள்: காசைக் கட்டும் முன் படியுங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போரில் விழுந்த விமானி ஒருவர் என்ன ஆனார் என்று தெரிந்துகொள்ள வெளிநாட்டு நிறுவனம் எதற்கும் எடுத்த எடுப்பில் பணம் அனுப்பாதீர்கள். என் மச்சினன் அனுப்பினான். வந்தது ஒரு நாலு பக்க பிடிஎஃப். ஒரு பக்கம் முழுக்க ஹரிக்கேன் என்ற பிரிட்டிஷ் போர் விமானத்தின் படம், இன்னொரு பக்கத்தில் ஓரமெல்லாம் தங்க நிறக் கொடி ஓடும் ஒரு ‘நினைவுச் சான்றிதழ்’, மீதி இரண்டு பக்கமும் போரில் இறந்த பிரிட்டிஷ், காமன்வெல்த் படையினரின் கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் யார் வேண்டுமானாலும் சல்லிக்காசு செலவில்லாமல் பார்க்கக்கூடிய விவரத்தின் நகல். கேட்டால், மேற்கொண்டு விவரம் வேண்டுமென்றால் அடுத்த பேக்கேஜ் எடுங்கள் என்கிறார்கள். பெயரைச் சொல்லவில்லை, இதே ரகத்தில் பல கடைகள் இருக்கின்றன. இந்த விமர்சனம் அவர்களைப் பற்றியும் இல்லை, இலவசமாகக் கிடைக்கிற நல்ல சரக்கைப் பற்றித்தான்.

எங்களுக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்கலாம். என் மனைவியின் தாத்தாவுக்கு ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம், கடை கொழும்புப் புறக்கோட்டையில். கடலோரத்து ஊர்களில் இப்படிக் கொழும்புக் கதை இல்லாத பழைய வீடுகள் குறைவு. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலை, ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பி வந்த விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது அவர் தெருவில் நின்று பார்த்திருக்கிறார். எதிர்த்துப் போன ஹரிக்கேன் ஒன்று புகைவிட்டுக்கொண்டே இறங்கியதாம். அந்த வாரமே கடையைச் சாத்திவிட்டுத் தலைமன்னார் போய்க் கப்பலேறி, தனுஷ்கோடி வழியாக ஊர் வந்து சேர்ந்தவர் திரும்பிப் போகவே இல்லை. “அந்தப் பிள்ளை யாரோ, எந்த ஊரோ” என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாராம். மாமியார் அதைச் சொல்லிச் சொல்லி மச்சினனைப் பணம் கட்ட வைத்தார், அவ்வளவுதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போர்க் கல்லறை ஆணையத்தின் தேடல் பக்கத்தில் எல்லோரும் பெயரைப் போட்டுத்தான் தேடுவார்கள். நமக்குப் பெயரே தெரியாது, அதுதானே பிரச்சினை. பெயர் தெரிந்தாலும், வெறும் குடும்பப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தேடுவது கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி ராமமூர்த்தி வீடு எது என்று கேட்கிற மாதிரி. பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, இறந்த தேதி, படைப்பிரிவு, நினைவிடம் இந்த மூன்றையும் வைத்துத் தேடுங்கள். கல்லறை கிடைக்காத விமானப்படையினரில், தெற்கு, கிழக்கு ஆசியாவிலும் சுற்றியுள்ள கடல்களிலும் இறந்தவர்களின் பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சியில் உள்ள நினைவுச் சின்னத்தில் இருக்கின்றன (தரைப்படையினரும் சேர்ந்து மொத்தம் 24 ஆயிரத்துக்கும் மேல்). பிரிட்டனிலிருந்தும் வடமேற்கு ஐரோப்பாவிலிருந்தும் பறந்து போய்க் காணாமல் போனவர்கள் என்றால் இங்கிலாந்தின் ரன்னிமீட் நினைவுச் சின்னம், அங்கே 20 ஆயிரத்துக்கும் மேல். கொழும்பு வானத்தில் செத்தவன் பெயரை எதற்குச் சிங்கப்பூரில் தேட வேண்டும் என்று மாமியார் கேட்டார், நியாயமான கேள்விதான், ஆனால் பிரித்திருப்பது அப்படி. கிடைக்கும் பட்டியலை எக்ஸெல்லாக இறக்கிக்கொள்ளலாம், இந்த ஒரு வசதிக்கே அரை நட்சத்திரம் கூடுதலாகக் கொடுப்பேன்.

ஒரு பொறி இருக்கிறது. விமானப்படை என்று வடிகட்டினால் அன்று விழுந்த எல்லோரும் வரமாட்டார்கள். அன்றைக்குக் கொழும்பை ஒட்டிய ரத்மலானையிலிருந்து 30ஆம் ஸ்குவாட்ரன் (அதாவது விமானப் படையணி), கொழும்பு ரேஸ்கோர்ஸ் திடலிலிருந்து 258ஆம் ஸ்குவாட்ரன், இரண்டும் ஹரிக்கேன். இவர்களோடு கடற்படையின் ஃபுல்மார் விமானங்களும் ஏறின. இது போதாதென்று 788ஆம் ஸ்குவாட்ரனின் ஆறு சோர்ட்ஃபிஷ் விமானங்கள் திருகோணமலைப் பக்கமிருந்து கொழும்புக்கு வந்துகொண்டிருந்த நேரத்தில் நடுவில் மாட்டி, ஆறுமே விழுந்தன. ஃபுல்மார், சோர்ட்ஃபிஷ் ஆட்களெல்லாம் கடற்படைக் கணக்கு. கல்லறை இல்லாத கடற்படை விமானிகளின் பெயர்கள் இங்கிலாந்தில் லீ-ஆன்-சோலன்ட் நினைவுச் சின்னத்தில் இருக்கின்றன. ஆகவே ஒரே காலையில் ஒரே வானத்தில் இறந்தவர்களை இரண்டு கண்டத்து நினைவிடங்களில் தேட வேண்டும். உடல் கிடைத்தவர்கள் இலங்கையிலேயே புதைக்கப்பட்டிருப்பார்கள், அது மூன்றாவது தேடல்.

இந்தத் தளத்தில் கிடைக்காதது என்னவென்றால், எப்படி இறந்தார் என்பது. பெயர், எண், பதவி, தேதி, சில சமயம் வயதும் பெற்றோர் பெயரும், அத்தோடு சரி. அங்கேதான் லண்டன் கியூவில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக்காப்பகம் வருகிறது. ஏப்ரல் 2020இலிருந்து, கணக்கு ஒன்றைத் தொடங்கி உள்ளே நுழைந்தால் ஸ்கேன் செய்யப்பட்ட ஆவணங்களை இலவசமாக இறக்கலாம், இத்தனைதான் என்று ஒரு உச்சவரம்பு மட்டும் உண்டு. நமக்கு வேண்டியது ‘ஏர் 27’ என்ற வரிசை, அதாவது ஸ்குவாட்ரன்களின் நாட்குறிப்பு. இதில் படிவம் 540, படிவம் 541 என்று இரண்டு வகை. 540 நாள்வாரிச் சுருக்கம், மழை பெய்தது, கமாண்டர் வந்தார் போனார் என்கிற கதையெல்லாம் அதில் இருக்கும். 541தான் தங்கம். தேதி, விமானத்தின் எண், விமானியின் பெயர், கிளம்பிய நேரம், இறங்கிய நேரம் என்று கட்டம் கட்டமாக டைப் அடித்திருப்பார்கள். வரிசையாகப் பார்த்துக்கொண்டே வருவீர்கள், எல்லோருக்கும் இறங்கிய நேரம் இருக்கும், ஒருவருக்கு மட்டும் அந்தக் கட்டம் காலியாக இருக்கும், பக்கத்தில் திரும்பவில்லை என்று ஒரு வரி. தங்கக் கொடி போட்ட எந்தச் சான்றிதழும் இதற்கு ஈடாகாது. போனில் பார்க்காதீர்கள், கண் போய்விடும். டவுனில் ஏதாவது பிரவுசிங் சென்டரில் பெரிய திரையில் பாருங்கள், இல்லை பிரின்ட் எடுங்கள்.

258ஆம் ஸ்குவாட்ரனுக்கு ஒரு விசேஷம். ஆங்கிலேயர், ஆஸ்திரேலியர், நியூசிலாந்துக்காரர், கனடாக்காரர், அமெரிக்கர் என்று பல ஊர்ப் பையன்கள், அதில் பலர் சிங்கப்பூர், ஜாவாவிலிருந்து தப்பி வந்தவர்கள். அன்று மேலே போன 14இல் 9 விழுந்தன. ஆஸ்திரேலியப் படையில் இருந்தவர் என்றால் கான்பெராவின் தேசிய ஆவணக்காப்பகத்தில் ‘ஏ 705’ என்ற வரிசையில் அவருக்குத் தனிக் கோப்பே இருக்கலாம்: வீட்டுக்குப் போன தந்தி, அம்மா திரும்பத் திரும்ப எழுதிய கடிதம், அவர் விட்டுச்சென்ற சாமான்களின் பட்டியல். நியூசிலாந்துக்கு ஆக்லாந்து அருங்காட்சியகத்தின் இணைய நினைவகம். மச்சினன் கட்டிய நிறுவனம் இந்த இரண்டின் பெயரைக்கூட எடுக்கவில்லை.

அப்புறம் எதிரியின் ஏடு. இதைப் பலரும் யோசிப்பதே இல்லை. ஜப்பானியக் கப்பல்களின் விமானப் பிரிவுகள் எழுதிய சண்டை அறிக்கைகள் அந்நாட்டு அரசின் ஆசிய வரலாற்று ஆவண மையத்தின் தளத்தில் இலவசமாகவே கிடக்கின்றன. எழுத்து புரியாது, கூகுள் லென்ஸும் கையெழுத்தில் தடுமாறும், ஆனால் நேரமும் எண்ணிக்கையும் பிடிபடும். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், வீழ்த்தினோம் என்று யார் சொன்ன கணக்கையும் அப்படியே நம்பாதீர்கள். கொழும்பில் ஜப்பான் உண்மையில் இழந்தது 7 விமானம், பிரிட்டிஷ் தரப்பு அன்று சொன்னது அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். பொய் சொன்னார்கள் என்றில்லை, ஒரே விமானத்தை மூன்று பேர் சுட்டால் மூன்று பேரும் தன் கணக்கில்தானே எழுதுவார்கள்.

எதிரியின் ஏடு எவ்வளவு முக்கியம் என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. குடகைச் சேர்ந்த ஸ்குவாட்ரன் லீடர் தேவய்யா 1965 செப்டம்பர் 7 அன்று மிஸ்டேர் விமானத்தில் பாகிஸ்தானின் சர்கோதா விமானதளத்தைத் தாக்கப் போய்த் திரும்பவில்லை. காணவில்லை என்பதோடு கோப்பு நின்றது. தன்னைத் துரத்திய பாகிஸ்தானின் ஸ்டார்ஃபைட்டர் போர் விமானத்தை, தன் விமானத்தைவிட எவ்வளவோ வேகமானதை, அவர் வீழ்த்திவிட்டுத்தான் விழுந்தார் என்ற விவரம் பாகிஸ்தான் தரப்புச் செய்திகளிலிருந்து 1979வாக்கில்தான் வெளியே வந்தது. மகாவீர் சக்ரா 1988இல். இடைப்பட்ட இத்தனை வருஷமும் அந்தக் குடும்பம் எதை நினைத்துக்கொண்டிருந்திருக்கும்? இந்திய விமானப்படையினரைத் தேடுகிறவர்கள் பாரத் ரக்ஷக் தளத்தில் ஆரம்பிப்பது நல்லது, அதிகாரிகளின் விவரமும் இழப்புகளும் தொகுத்து வைத்திருக்கிறார்கள், ஆர்வலர்கள் செய்த வேலை என்று நம்பவே முடியாது.

இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் பிரிட்டிஷ் விமானப்படை, காணாமல் போன தன் 41 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தேடத் தனிப் பிரிவே வைத்து ஆட்களை அனுப்பியது. இன்ஜின் எண், துப்பாக்கி எண், சட்டைக் காலர் அளவு என்று எதையும் விடவில்லை. துணியில் போட்ட வண்ணான் குறியை வைத்துக்கூடப் பல பேரை அடையாளம் கண்டிருக்கிறார்கள்.

தஞ்சாவூர்க்காரர்களுக்குத் தனியாக ஒன்று. இன்றைக்கு சுகோய் ஏறி இறங்கும் நம் விமானதளம் அந்தப் போர்க்காலத்துத் தளம்தான். சிங்கப்பூர்ச் சண்டையில் அடிபட்டுச் சிதைந்த 36ஆம் ஸ்குவாட்ரன் 1942 அக்டோபரில் வெலிங்டன் விமானங்களோடு மறுபடி உருவானது இங்கேதான், வங்கக் கடலில் நீர்மூழ்கிக் கப்பல் தேடுகிற வேலை. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது வயலில் விமானம் விழுந்த கதை சொல்லியிருந்தால் இந்த ஸ்குவாட்ரனின் நாட்குறிப்பிலிருந்து தொடங்கலாம். தரையில் விழுந்து உடல் கிடைத்திருந்தால், சென்னை நந்தம்பாக்கத்தில் உள்ள போர்க் கல்லறையைப் பாருங்கள், தென்னிந்தியாவில் அங்கங்கே சிதறிக் கிடந்த கல்லறைகள் பலவற்றை அங்கே கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள்.

தாத்தாவின் விமானி யார் என்று ஒரே பெயராகச் சொல்ல எங்களால் முடியவில்லை. எந்தத் தெருவில் நின்றார், புகை எந்தப் பக்கம் போனது என்று அவரிடம் யாரும் கேட்டு வைக்கவில்லை. கையில் இருப்பது ஒரு சின்னப் பட்டியல், அதில் இருபதைத் தாண்டியும் தாண்டாத பையன்கள். மாமியாருக்கு அதைப் படித்துக் காட்டினோம், ஒவ்வொரு பெயருக்கும் ஊர் எது என்று கேட்டார், வயது எத்தனை என்று கேட்டார்.

மதிப்பெண் என்றால் போர்க் கல்லறை ஆணையத்துக்கு ஐந்துக்கு நாலரை, கியூவுக்கு ஐந்து (தேடல் பெட்டி கொஞ்சம் படுத்தும், வரிசை எண்ணும் ஸ்குவாட்ரன் எண்ணும் தெரிந்தால் வழிக்கு வரும்), காசு வாங்கிய கடைக்கு அந்தச் சான்றிதழின் தாள் விலை. அடுத்து ‘ஏர் 50’ வரிசையில் உள்ள சண்டை அறிக்கைகளைப் பார்க்கப் போகிறேன், அவை உயிரோடு இறங்கிய விமானிகள் சொல்லிப் பதிவானவை, பக்கத்தில் பறந்தவன் எங்கே விழுந்தான் என்பது அதில் இருக்க வாய்ப்புண்டு. அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, நாகப்பட்டினம் பக்கம் யார் வீட்டிலாவது 1942 ஏப்ரலில் கொழும்பிலிருந்தோ திருகோணமலையிலிருந்தோ வந்த கடிதம் இருந்தால், கொழும்புக்கு 5ஆம் தேதியையும் திருகோணமலைக்கு 9ஆம் தேதியையும் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.