பினாங்கில் கப்பல் ஏறுவதற்கு முன் எந்த ஆவணம்: எங்கள் குடும்பம் பட்ட பாடு

பினாங்கிலிருந்து உல்லாசக் கப்பல் ஏறப் போகிற மலேசியக்காரரிடம் "ஐசி போதும்", அதாவது மலேசிய அடையாள அட்டையே போதும் என்று யாராவது சொன்னால், அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு, கப்பல் எந்தெந்தத் துறைமுகத்தைத் தொடுகிறது என்று முதலில் கேளுங்கள். வெளிநாட்டில் ஒரே ஒரு இடத்தில் நின்றாலும் கதை வேறு.

இந்தத் தடவை ஊருக்குப் போனபோது அம்மாவின் எழுபதாம் பிறந்தநாள் வந்தது. வீட்டில் விருந்து வைத்தால் அம்மாவே சமையலறையில் நிற்பார் என்பதால், எல்லாரும் சேர்ந்து கப்பலில் போகலாம் என்று அண்ணன் முடிவு பண்ணினான். ஜார்ஜ்டவுன் ஸ்வெட்டன்ஹம் துறைமுகத்தில் ஏறி, புக்கெட் போய்விட்டு, அதே துறைமுகத்தில் வந்து இறங்குவது. கப்பலில் என்ன சாப்பாடு, என்ன கேளிக்கை என்றெல்லாம் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுதுவது ஏறுவதற்கு முன் நடந்த காகித அலைச்சலைப் பற்றி. எங்கள் கூட்டத்தைப் பார்த்தாலே ஏன் என்று புரியும். நானும் மகளும் அமெரிக்கக் கடப்பிதழ், கணவருக்கு இந்தியக் கடப்பிதழும் கிரீன் கார்டும், அம்மா, அண்ணன், அண்ணி மூவரும் குடிமக்களுக்கான நீல ஐசி, அண்ணன் மகனிடம் பிள்ளைகளுக்கான மைகிட் அட்டை, அத்தையிடம் சிவப்பு ஐசி. ஒரே வீட்டில் சாப்பிடுகிறவர்கள், ஆளுக்கொரு ஆவணம்.

லிட்டில் இந்தியா பக்கம் ஒரு பயண முகவரிடம் பதிவு செய்தோம். பெயர் வேண்டாம், நல்ல மனுஷன்தான், வந்ததும் தே தாரே, அதாவது இழுத்து ஆற்றிய தேநீர், வாங்கிக் கொடுத்தார். ஆனால் ஆவணம் பற்றி அண்ணன் கேட்டதற்கு, "பினாங்குல ஏறி பினாங்குலயே இறங்குறீங்க, மலேசியக்காரங்களுக்கு ஐசி போதும்லா அண்ணே" என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினார். அண்ணனும் சரி என்றுவிட்டான்.

எனக்கு அது உறுத்தியது. நாங்கள் இருப்பது ஹூஸ்டன் பக்கம். அங்கே கால்வெஸ்டன் துறைமுகத்திலிருந்து மெக்சிகோவுக்குக் கப்பல்கள் போகும், வரும். அமெரிக்கத் துறைமுகம் ஒன்றில் ஏறி அதே துறைமுகத்தில் இறங்கினால், அமெரிக்கக் குடிமக்கள் கடப்பிதழ் இல்லாமல் அரசு கொடுத்த பிறப்புச் சான்றிதழையும் படம் போட்ட அடையாள அட்டையையும் காட்டியே ஏறலாம். மருத்துவமனையில் பிறந்த அன்று கொடுக்கும் பூப்போட்ட காகிதம் செல்லாது. ஓட்டுநர் உரிமத்தில் மத்திய அரசு விதிப்படி கொடுத்தது என்று காட்டும் ரியல் ஐடி நட்சத்திரம் இருந்தாலும் அது மட்டும் போதாது, ஏனென்றால் அது ஆளைத்தான் காட்டும், குடியுரிமையைக் காட்டாது. 2009 ஜூன் முதல் நடப்பில் இருக்கும் விதி இது. அந்தச் சலுகை அமெரிக்கா தன் குடிமக்களுக்குத் தன் வாசலில் கொடுப்பது. மலாக்கா நீரிணையில் அது எடுபடாது. ஏறிய இடத்திலேயே இறங்குவதால் கடப்பிதழ் வேண்டாம் என்கிற பேச்சு யூடியூப் காணொளிகள் வழியாகத்தான் முகவர் காதுவரை வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. மலேசியர்கள் நிறைய இடத்துக்கு ஐசியை வைத்துக்கொண்டே போய்ப் பழகியவர்கள். லங்காவி ஃபெரிக்கு ஐசி போதும். தீபகற்பத்திலிருந்து சபா, சரவாக் போகும்போது குடிநுழைவு முகப்பு இருந்தும், சுற்றிப் பார்க்கப் போகிறவர்களை மைகாட் என்கிற அந்த ஐசியை வைத்தே விடுகிறார்கள். அதனால் கடல் தாண்டினாலும் ஐசி செல்லும் என்ற எண்ணம் ஊறிப்போய்விட்டது. புக்கெட் தாய்லாந்து அல்லவா? தாய்லாந்து அதிகாரிக்கு நம் மைகாட் ஒரு பிளாஸ்டிக் அட்டை, அவ்வளவுதான்.

கப்பல் நிறுவனத்தின் பக்கத்தில் தெளிவாகவே எழுதியிருந்தது: எல்லாருக்கும் மூலக் கடப்பிதழ், குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும், நகலும் கைப்பேசிப் படமும் ஏற்கப்படாது, கைக்குழந்தைக்கும் தனிக் கடப்பிதழ். அதை அண்ணனுக்கு அனுப்பினேன். அண்ணியின் கடப்பிதழில் நான்கு மாதம்தான் பாக்கி. அம்மாவுடையது எப்போதோ காலாவதி. பையனுக்குக் கடப்பிதழே இல்லை, ஏனென்றால் மைகிட் இருக்கிறதே என்று விட்டிருக்கிறார்கள். மைகிட் பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குக் கொடுக்கும் அட்டை, உள்ளூருக்கு மட்டும்.

இந்த இடத்தில் ஊர்ச் சேவையைப் பாராட்டியே ஆக வேண்டும். மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு காலையிலேயே பசியாறிவிட்டுக் குடிநுழைவு அலுவலகத்துக்குப் போனோம். கட்டணம் பெரியவர்களுக்கு 200 ரிங்கிட். அறுபது தாண்டியவர்களுக்கும் பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கும் 100. படம் அங்கேயே எடுக்கிறார்கள், அதனால் வெள்ளைச் சட்டை வேண்டாம், பின்திரை வெள்ளை என்பதால் தலை மட்டும் மிதக்கிற மாதிரி வரும். பையனுக்குப் பிறப்புச் சான்றிதழ், அப்பா அம்மா ஐசி, பையனே நேரில் வர வேண்டும். அமெரிக்காவில் கடப்பிதழ் புதுப்பிக்க வாரக்கணக்கில் தபால் பெட்டியைப் பார்த்துக்கொண்டு இருப்பவள் நான். இங்கே அன்றைக்கே கையில் கொடுத்து அனுப்பினார்கள். சிப் வைத்த கடப்பிதழை 1998லேயே உலகத்தில் முதலில் கொடுத்த நாடு, அந்தப் பழக்கம் இன்னும் இருக்கிறது போல.

அம்மாவிடம் மட்டும் தாமதமானது. கட்டை விரல் ரேகை கருவியில் விழவில்லை. அம்மா கெடாவில் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவியவர், பல வருடம் கத்தி பிடித்த கை, ரேகையே தேய்ந்துபோயிருக்கிறது. வலது கை, இடது கை, திரும்ப வலது. முகப்பில் இருந்த மலாய்க்காரப் பெண் சலிக்கவில்லை. ஈரத் துணித்தாள் ஒன்றை எடுத்து அம்மாவின் விரலைத் துடைத்து, தன் விரலை மேலே வைத்து அழுத்தி, "ரிலெக்ஸ் மாக்சிக்" (பதறாதீங்க அம்மா) என்று சொல்லி ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தாள். பச்சை விளக்கு எரிந்தது. வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் கொஞ்சம் கையில் தடவும் எண்ணெய் வகை ஏதாவது வைத்துக்கொண்டால் உதவும் என்று பின்னால் நின்ற சீனக்கிழவர் ஒருவர் யோசனை சொன்னார். நாங்கள் அதைச் சோதித்துப் பார்க்கவில்லை.

பெயர் விஷயம் தனிக் கூத்து. மலேசியக் கடப்பிதழில் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று பிரிவு கிடையாது, ஒரே வரியில் முழுப் பெயர். நம்மவர்களுக்கு நடுவில் ஏ/எல் (இன்னாரின் மகன்) அல்லது ஏ/பி (இன்னாரின் மகள்) வரும். கப்பல் பதிவுப் படிவத்தில் சாய்கோடு போட முடியாது. கடப்பிதழின் அடியில் இயந்திரம் படிக்கும் வரிகளிலும் சாய்கோடு கிடையாது. முகவர் என்ன செய்தார் தெரியுமா, அண்ணனுக்கு ஏஎல் என்று சேர்த்து, அம்மாவுக்கு ஏபியை விட்டுவிட்டு, எனக்கு அப்பா பெயரைப் போட்டு வைத்திருந்தார். என் அமெரிக்கக் கடப்பிதழில் இருப்பது கணவரின் பெயர். சின்ன வயதில் தெரிந்த பெயரை நினைவிலிருந்து அடித்திருக்கிறார் பாவம். அதற்கும் மேல், அம்மாவின் பெயரைத் தோட்டத்துக் கிராணி (அலுவலக எழுத்தர்) எழுதிய எழுத்துக்கூட்டல் ஒன்று, எங்கள் வாயில் வருவது ஒன்று. கடப்பிதழில் இருக்கிறபடிதான் பதிவில் இருக்க வேண்டும், நாம் கூப்பிடுகிறபடி அல்ல. எல்லாருடைய கடப்பிதழின் முதல் பக்கத்தையும் படமெடுத்து அனுப்பி, பார்த்துத் திருத்தி அனுப்பச் சொன்னோம். நாள் நெருங்கிவிட்டால் திருத்தக் காசு கேட்கும் நிறுவனங்கள் உண்டு.

கணவரின் இந்தியக் கடப்பிதழுக்குத் தொல்லை வரவில்லை. ஆனால் நாங்கள் முதலில் பார்த்த கப்பல் சிங்கப்பூரில் நிற்பது. இந்தியக் கடப்பிதழ்காரர்களுக்குச் சிங்கப்பூர் விசா கேட்கும், கப்பலில் வந்தாலும் கேட்கும். அதனால்தான் புக்கெட்டுக்கு மாறினோம். கிரீன் கார்டு இங்கே யாருக்கும் தேவைப்படவில்லை, அது ஹூஸ்டன் திரும்புகிற அன்றைக்கு.

இனி அத்தை. அப்பாவின் அக்கா. நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பலில் பாட்டியின் இடுப்பில் வந்தவர். அப்பா இங்கேயே தோட்டத்தில் பிறந்ததால் அவருக்கு நீல ஐசி, அத்தைக்குச் சிவப்பு. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். முகவர் ஐசி நகல் கேட்டபோது கறுப்பு வெள்ளையில் நகல் எடுத்து அனுப்பியதால் நிறம் அவருக்குத் தெரியவில்லை, அவரும் கேட்கவில்லை. சிவப்பு ஐசி என்றால் நிரந்தரவாசி, குடிமகள் அல்ல. மலேசியக் கடப்பிதழ் கிடைக்காது. எந்த நாட்டுக் கடப்பிதழும் இல்லாத நிரந்தரவாசிகளுக்கு அடையாளச் சான்றிதழ் என்று ஒரு பயண ஆவணம் தனியாகக் கொடுக்கிறார்கள். அது இருந்தாலும், நாட்டைவிட்டுப் போய்த் திரும்பி வர மறுநுழைவு அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் போனால் நிரந்தரவாசத்துக்கே வில்லங்கம். இத்தனை வருடம் இந்த மண்ணில் வாழ்ந்தவரை இரண்டு இரவு சவாரிக்காக அந்த ஆபத்தில் இழுத்துவிட அண்ணனுக்கே மனம் வரவில்லை. ஆவணத்துக்கு விண்ணப்பித்து வாங்க நாளும் போதாது.

"நீங்க போய்ட்டு வாங்கடி, நான் பாக்காத கப்பலா" என்றார் அத்தை. அம்மா அரை மனதோடு கிளம்பினார்.

ஏறுகிற அன்று துறைமுகத்தில் வேலை சுருக்கமாக நடந்தது. கடிகாரக் கோபுரத்தைத் தாண்டினால் கட்டடம் வந்துவிடும், கைப்பேசியில் கூப்பிடுகிற கிராப் வாடகைக் காடி வாசலிலேயே இறக்கிவிடும். முதல் முகப்பில் கடப்பிதழும் பயணச்சீட்டுத் தாளும் பார்த்தார்கள். பெயரை எழுத்து எழுத்தாக விரல் வைத்து ஒப்பிட்டார் அந்தப் பையன், திருத்தியது நல்லதாகப் போயிற்று. எங்களுக்குப் பக்கத்து வரிசையில் ஒரு குடும்பம் ஐசியை நீட்டிக்கொண்டு நின்றது. அவர்கள் வாங்கிய முகவரும் அதையேதான் சொல்லியிருக்கிறார். அந்த அப்பா யாருக்கோ போன் போட்டுக் கத்திக்கொண்டிருந்தார், பிள்ளைகள் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் ஏறவில்லை.

தாய்லாந்துக்கான மின்வருகைப் படிவத்தை முன்கூட்டியே நிரப்பியிருக்கிறீர்களா என்றும் கேட்டார்கள். 2025 மே முதல் அது நடப்பில் இருக்கிறது, விமானம், தரை, கடல் எதில் வந்தாலும் வெளிநாட்டவர் நிரப்ப வேண்டும், காசு கிடையாது. எங்கள் கப்பலில் கடப்பிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டு ரசீது கொடுத்தார்கள், குடிநுழைவுச் சோதனைக்காக. அம்மாவுக்கு இது பிடிக்கவே இல்லை, புதுசு வாங்கி மணக்கிறதுக்குள்ள பிடுங்கிட்டானே என்றார். முன்பே நகல் எடுத்து ஆளுக்கொன்று கொடுத்திருந்தேன். புக்கெட்டில் இறங்கும்போது கப்பல் அட்டையோடு அந்த நகலையும் பையில் வைத்துக்கொண்டோம்.

வெளிநாட்டுக் கடப்பிதழோடு ஊருக்கு வருகிறவர்களுக்கு மட்டும் ஒன்று. பினாங்கு திரும்பி இறங்குவது புதிய வருகை. அமெரிக்காவிலிருந்து வந்தபோது நிரப்பிய மலேசிய மின்வருகை அட்டை அதோடு முடிந்தது, மறுபடி நிரப்ப வேண்டும், வருவதற்கு மூன்று நாளுக்குள். அதற்கும் காசு இல்லை. காசு கேட்கிற இணையதளங்கள் நிறைய, அவை அரசுடையவை அல்ல. நாங்கள் கிளம்பும் முன்பே வீட்டில் உட்கார்ந்து நிரப்பிவிட்டோம். நிரப்பாதவர்கள் சுவரோரமாக நின்று கைப்பேசியைத் தட்டிக்கொண்டிருக்க, அம்மாவும் அண்ணனும் எப்போதோ வெளியே போய்விட்டார்கள்.

அத்தையின் பணத்தைத் திருப்பித் தர முகவர் இழுத்தடித்தார். அடுத்த பயணத்தில் கழித்துக்கொள்ளலாம் என்றார். அண்ணன் அவருடைய குரல் பதிவையே அவருக்குத் திருப்பி அனுப்பினான். மறுநாள் பணம் வந்தது, சேவைக் கட்டணம் என்று கொஞ்சம் பிடித்துக்கொண்டு. இதற்குத்தான் சொல்கிறேன், முகவரிடம் ஆவணம் பற்றிக் கேட்பதை வாயால் கேட்காமல் வாட்ஸ்அப்பில் கேளுங்கள்.

அந்தப் பணத்தில் அத்தையையும் கூட்டிக்கொண்டு கோலகெடா போய் லங்காவி ஃபெரி ஏறினோம். உள்நாட்டுப் பயணம், அத்தை சிவப்பு ஐசியைக் காட்டிவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டார். கடப்பிதழைத் தேடிப் பையைக் குடைந்துகொண்டு பின்னால் நின்றது நானும் என் கணவரும்தான்.

குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்று அண்ணன் இப்போது தேசியப் பதிவு இலாகாவில் விசாரித்துக்கொண்டிருக்கிறான். வசிப்பிடக் கணக்கு அத்தைக்குத் தாராளமாக இருக்கிறது. மலாய் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் யோசனை. அத்தை பேசுவது பாசார் மலாய், அதாவது சந்தைப் பேச்சு மலாய். காய்கறிக்காரனிடம் விலை குறைக்க அது போதும், அதிகாரி கேட்கிற கேள்விக்குப் போதுமா என்று பக்கத்து வீட்டு வாத்தியார் தினமும் சாயங்காலம் வந்து பழக்கிவிடுகிறார். அடையாளச் சான்றிதழுக்கான படிவத்தையும் அண்ணன் தனியாக வாங்கி வைத்திருக்கிறான், எது முதலில் வருகிறதோ வரட்டும் என்று.