ஒரே பட்ஜெட், ஐந்து வாசல்: இந்தியாவில் சமூக நலவாழ்வுத் திட்டத்துக்கு எந்த நிதி பொருந்தும்?

ஒரு திட்டத்தை எடுத்துக்கொள்வோம். பத்துப் பன்னிரண்டு கிராமங்களில் சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் உள்ளவர்களைக் கண்டறிவது, மாதம் ஒருமுறை வீட்டுக்கே போய்ப் பார்ப்பது, மாத்திரையை நிறுத்தியவர்களை மறுபடி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பிவைப்பது. இதற்கு ஒரு செவிலியர், நான்கு களப்பணியாளர்கள், பிரஷர் கருவிகள், குளுக்கோமீட்டர், அதற்கான ஸ்ட்ரிப், வண்டிக்குப் பெட்ரோல், ஒரு கணக்கர், ஆண்டுத் தணிக்கை எல்லாம் வேண்டும். பட்ஜெட் போட்டுப் பார்த்தால் பாதிக்கு மேல் சம்பளமாகத்தான் இருக்கும். கருவியை ஒருமுறை வாங்கினால் போதும். ஸ்ட்ரிப் மாதாமாதம் வேண்டும். ஆள் தினமும் வேண்டும்.

இந்தப் பட்ஜெட்டை எடுத்துக்கொண்டு ஒரு சிறு தொண்டு நிறுவனம் ஐந்து வாசல்களுக்குப் போகலாம்: கம்பெனிகள் சமூகப் பொறுப்பாகச் சட்டப்படி செலவிடும் சி.எஸ்.ஆர். பணம், அரசு மானியம், பெரிய அறக்கட்டளைகள், வெளிநாட்டு நிதி, ஊர்மக்களின் நன்கொடை. எங்கே அதிகத் தொகை கிடைக்கும் என்று பார்த்துத்தான் பலரும் கிளம்புகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறொரு கேள்வி: மூன்றாம் ஆண்டில் அந்தக் களப்பணியாளருக்குச் சம்பளம் யார் தருவார்? சர்க்கரை நோய் நிதியாண்டோடு முடிகிற நோய் இல்லை. ஒரு வருடம் வீடு வீடாகப் போய்ப் பழகிவிட்டு, அடுத்த வருடம் யாரும் வராமல் போனால், அந்த ஊரில் அடுத்த திட்டத்துக்குக் கதவு திறப்பதே கஷ்டம். ஆகவே ஐந்து வாசல்களையும் பட்ஜெட்டில் சம்பளம் என்று எழுதியிருக்கும் அந்த ஒரு வரியை, அதாவது சம்பள வரியை (அரசுக்குக் கட்டும் வரி அல்ல), வைத்தே எடைபோடுகிறேன்.

அதற்கு முன் காகிதங்களைப் பற்றி ஒரு வார்த்தை. டிரஸ்ட், சொசைட்டி, பிரிவு 8 கம்பெனி (லாப நோக்கற்ற கம்பெனி) ஆகிய மூன்றில் ஒன்றாகப் பதிவு, பான் எண், எல்லோரும் 12ஏ (நிறுவனத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை) என்று சொல்லும் வருமான வரிப் பதிவுகள், தொண்டு நிறுவனங்களுக்கு நிதி ஆயோக் தரும் தர்ப்பண் எண், தணிக்கை செய்த கணக்குகள் ஆகியவை ஏறக்குறைய எல்லா இடத்திலும் கேட்கப்படும். இதில் கவனிக்க வேண்டியது மூன்று ஆண்டு என்ற நிபந்தனை. வெளியில் உள்ள ஒரு தொண்டு நிறுவனம் சி.எஸ்.ஆர். பணத்தில் வேலை செய்ய, அதே மாதிரி பணியில் குறைந்தது மூன்று ஆண்டு அனுபவம் வேண்டும். வெளிநாட்டு நிதிப் பதிவுக்கும் மூன்று ஆண்டு. தொண்டு நிறுவனங்கள் பங்குச் சந்தை வழியே நிதி திரட்டும் சமூகப் பங்குச் சந்தைக்கும் அப்படியே. புதிதாகத் தொடங்கியவர்களுக்கு உண்மையில் திறந்திருப்பது ஒன்றிரண்டு கதவுகள்தான். அந்த மூன்று ஆண்டுக் கணக்கை ஒழுங்காக எழுதி வைப்பதே அப்போதைக்குப் பெரிய நிதி திரட்டல்.

கம்பெனிப் பணம்

2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆவது பிரிவு 2014 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. தகுதி வரம்புக்குள் வரும் கம்பெனிகள், முந்தைய மூன்று நிதியாண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். எவற்றுக்குச் செலவிடலாம் என்று சொல்லும் ஏழாவது அட்டவணையின் முதல் இனத்திலேயே நோய்த்தடுப்பு உள்ளிட்ட சுகாதாரம் வந்துவிடுகிறது. கம்பெனி இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தரச் சொல்வதும் சட்டம்தான். ஆகவே தொழிற்சாலைகளுக்குப் பக்கத்துக் கிராமங்களில் வேலை செய்பவர்களுக்கு இது நல்ல வாசல். தொழிற்சாலையே இல்லாத மலைப்பகுதியில் வேலை செய்பவர்களுக்கு அவ்வளவு எளிதல்ல.

இதன் சிக்கல் காலண்டரில் இருக்கிறது. பிப்ரவரி பிறந்ததும் போன் வரும்: "மார்ச் 31-க்குள் முடிக்கிற மாதிரி ஏதாவது இருக்கிறதா?" பல ஆண்டு நடக்கும் தொடர் திட்டம் என்று வகைப்படுத்தாத பணிக்கான பணம் செலவாகாமல் நின்றால், நிதியாண்டு முடிந்த ஆறு மாதத்துக்குள் அதை அட்டவணையில் சொன்ன அரசு நிதிகளில் ஒன்றுக்குக் கம்பெனி கட்டிவிட வேண்டும். அதனால்தான் அந்த அவசரம். இரண்டு மாதத்தில் எதை முடிக்க முடியும்? முகாம் நடத்தலாம், ஈ.சி.ஜி. கருவி வாங்கலாம், வேன் வாங்கலாம். நம் பட்ஜெட்டில் கருவி வரிகள் உடனே ஒப்புதல் பெறும், சம்பள வரியில் பேனா நின்றுவிடும்.

அங்கே அடிக்கடி காதில் விழும் ஒரு வாசகம், "நிர்வாகச் செலவுக்கு 5 சதவீதத்துக்கு மேல் விதி அனுமதிக்காது." விதியில் 5 சதவீத வரம்பு இருப்பது உண்மை. ஆனால் அது கம்பெனி தன் சி.எஸ்.ஆர். பிரிவை நடத்த ஆகும் பொதுச் செலவுக்கான வரம்பு. ஒரு குறிப்பிட்ட திட்டத்தை வடிவமைக்க, நடத்த, கண்காணிக்க நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது. வீடு வீடாகப் போகும் செவிலியரின் சம்பளம் திட்டத்தின் செலவே தவிர அலுவலகச் செலவு அல்ல. பட்ஜெட்டில் அதை "நிர்வாகம்" என்ற தலைப்புக்குக் கீழே எழுதிக் கொடுத்துவிட்டு அப்புறம் வாதாடுவதைவிட, முதலிலேயே "களச் சேவை" என்று தனியாக எழுதுவது நல்லது. இதைத் தெரியாமல் சம்பளத்தைத் தாங்களே வெட்டிக்கொண்டு, மலிவாகக் கிடைக்கும் ஆட்களை வைத்துத் திட்டத்தையே பலவீனமாக்கிக்கொள்ளும் நிறுவனங்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

இன்னொரு விஷயத்தையும் கேட்டு வாங்க வேண்டும். விதிகளில் "தொடர் திட்டம்" என்று ஒரு வகை உண்டு. தொடங்கிய நிதியாண்டைத் தவிர்த்து மூன்று ஆண்டுகள் வரை அதை நடத்தலாம். செலவாகாத பணத்தைக் கம்பெனி அதற்கென ஒரு தனிக் கணக்கில் 30 நாளுக்குள் மாற்றிவைத்து, பின்னர் அதே திட்டத்துக்குச் செலவிடும். அப்போது மார்ச் 31 யாரையும் துரத்தாது. கம்பெனியின் போர்டு இதை ஏற்றால் சி.எஸ்.ஆர். பணம் சம்பளத்துக்கும் உதவும். ஏற்காவிட்டால் கருவிக்கு மட்டும் வாங்கிக்கொண்டு நன்றி சொல்லி வரலாம்.

அரசு மானியம்

இங்கே நம் பட்ஜெட்டை நீட்டவே இடமில்லை என்பதுதான் முதல் செய்தி. திட்டமும் பட்ஜெட்டும் அரசு எழுதியவை. அவற்றை நடத்த ஆள் தேடுகிறார்கள், அவ்வளவுதான். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் இலக்குக் குழுப் பணிகள் (தொற்று அபாயம் அதிகமுள்ளவர்களிடையே செய்யும் தடுப்புப் பணிகள்) மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கங்கள் வழியே தொண்டு நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்படுகின்றன. பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தில் இலவசக் கண்புரை அறுவை சிகிச்சைக்கு, ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்று மானியம் உண்டு. போதை மறுவாழ்வு மையங்களுக்குச் சமூக நீதி அமைச்சகம் தருகிறது. உங்கள் பணி இந்த வகைகளுக்குள் இயல்பாக வந்தால் தயங்காமல் போகலாம். நிலைத்து நிற்கும் பணம் இது. சம்பளம் பட்ஜெட்டிலேயே எழுதப்பட்டிருக்கும்.

ஆனால் தவணை தாமதமாகலாம். அந்த மாதங்களில் ஊழியருக்குச் சம்பளம் கொடுக்கக் கையிருப்பு இல்லாத நிறுவனம் தாங்காது. பொது நிதி விதிகளின்படி பயன்பாட்டுச் சான்றிதழ் தந்தால்தான் அடுத்த தவணை. மானியம் வங்கியில் இருந்தபோது சேர்ந்த வட்டியையும் திருப்பிக் கட்ட வேண்டும்.

எங்கள் பட்ஜெட்டுக்கு அரசு எதுவுமே தராதா என்றால், பணத்தைவிடப் பெரிதாக ஒன்றைத் தருகிறது: மாத்திரை. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து இலவசம். 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாகக் கொள்முதல் செய்து மாநில அரசு மருத்துவமனைகளுக்கு வழங்குகிறது. திட்டத்தை அந்த நிலையத்தோடு இணைத்தால் மருந்து என்ற பெரிய வரியே பட்ஜெட்டிலிருந்து விழுந்துவிடும். மாவட்ட சுகாதார அலுவலரிடமிருந்து ஓர் ஒத்துழைப்புக் கடிதம் கையில் இருந்தால், மற்ற நான்கு வாசல்களிலும் மதிப்பு கூடும்.

கூடவே ஒரு கேள்விக்கும் தயாராக இருக்க வேண்டும். தமிழக அரசின் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் 2021 ஆகஸ்ட் முதல் வீட்டுக்கே மருந்து கொண்டுபோகிறது. அப்படியிருக்க நீங்கள் எதற்கு? தமிழ்நாட்டில் இந்த வகைத் திட்டத்துக்கு யாரிடம் போனாலும் இதைக் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். அந்த அரசுத் திட்டத்தின் பணியாளர் வரும் பகல் நேரத்தில் வேலைக்குப் போய்விடும் ஆண்கள், ஊர் மாறி ஊர் போகும் செங்கல் சூளைக் குடும்பங்கள், மருந்து வாங்கியும் சாப்பிடாதவர்கள் என்று விடுபடுபவர்கள் யார் என்பதை ஊர்வாரியாகச் சொல்ல முடிந்தால் அதுவே விண்ணப்பத்தின் மையம். சொல்ல முடியாவிட்டால் திட்டத்தை மாற்றிக்கொள்வதே சரி.

பெரிய அறக்கட்டளைகள்

டாடா டிரஸ்ட்ஸ், அசிம் பிரேம்ஜி அறக்கட்டளை போன்றவை இந்த வகை. சம்பள வரியைப் பார்த்து முகம் சுளிக்காத வாசல் இதுதான் என்பது என் கணிப்பு. பல ஆண்டு ஆதரவு, பயிற்சிக்குப் பணம், சில சமயம் நிறுவனத்தை வலுப்படுத்தவே பணம் என்று பேச இடமிருக்கிறது. பதிலுக்கு அவர்கள் கேட்பது நேரம். களத்துக்கு வருவார்கள், ஊழியர்களிடம் தனியாகப் பேசுவார்கள், கணக்கைப் புரட்டுவார்கள், முடிவு சொல்ல மாதக்கணக்கில் ஆகலாம். அவசரத்துக்கு ஆகாது. ஆராய்ச்சிக்கு நிதி தரும் அமைப்புகளை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) போன்ற இடங்கள் கேள்விக்கு விடை தேடத்தான் பணம் தருகின்றன, சேவையை ஆண்டுக்கணக்கில் நடத்த அல்ல.

வெளிநாட்டு நிதி

தொகை பெரிதாகத் தெரியும், பாதையும் நீளம். 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு பெற, மூன்று ஆண்டு இயங்கியிருப்பதோடு அந்தக் காலத்தில் சொந்தப் பணியில் குறைந்தது 15 லட்ச ரூபாய் செலவழித்திருக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பின் பணம் முதலில் பாரத ஸ்டேட் வங்கியின் புது தில்லி பிரதானக் கிளைக் கணக்குக்குத்தான் வர வேண்டும். நிர்வாகச் செலவு வரம்பு 50-இலிருந்து 20 சதவீதமாகக் குறைந்தது. ஒரு நிறுவனம் வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றித் தருவதும் நின்றது. சிறு நிறுவனங்களுக்கு வலித்தது இந்தக் கடைசி மாற்றம்தான். முன்பு பெரிய நிறுவனம் ஒன்று வாங்கி, கிராமத்தில் வேலை செய்யும் சிறியவர்களுக்குப் பகிர்ந்தது. இப்போது அந்த வழி கிடையாது.

ரோட்டரி சங்கங்களின் அறக்கட்டளை தரும் உலகளாவிய மானியம் ஒரு தனி வகை. திட்ட பட்ஜெட் குறைந்தது 30,000 டாலர், உள்ளூர் சங்கமும் வெளிநாட்டுச் சங்கமும் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும், சமூகத் தேவை மதிப்பீடும் கட்டாயம். கருவிக்கும் பயிற்சிக்கும் இது நன்றாகப் பொருந்தும். களப்பணியாளரின் தொடர் சம்பளத்துக்கு இதை நம்ப வேண்டாம்.

என் கருத்தில், ஆண்டுக்குச் சில லட்சத்தில் இயங்கும் நிறுவனம் வெளிநாட்டுப் பதிவுக்காக ஓடும் நேரத்தை வேறு வாசலில் செலவிடலாம். சமூகப் பங்குச் சந்தையும் அப்படித்தான். 2023-இல் குறைந்தபட்ச வெளியீட்டு அளவை, அதாவது அங்கே ஒரு வெளியீட்டில் திரட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகையை, 1 கோடி ரூபாயிலிருந்து 50 லட்சமாகக் குறைத்தார்கள், முதல் பட்டியலிடலும் அதே ஆண்டு டிசம்பரில் நடந்தது. நல்ல முயற்சிதான், ஆனால் நம் அளவுக்கு அல்ல.

ஊர்மக்களின் பணம்

இதைக் கடைசியில் வைத்தாலும் சம்பள வரிக்கு நான் அதிகம் நம்புவது இதைத்தான். கேரளத்தைப் பாருங்கள். 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி தணிப்பு இயக்கம், பின்னர் அக்கம்பக்க வலையமைப்பாக மலப்புறம் போன்ற மாவட்டங்களில் பரவியது. படுக்கையில் இருப்பவர்களின் வீட்டுக்குத் தன்னார்வலர்களும் செவிலியரும் போகிறார்கள். அதற்கான பணத்தில் பெரும்பங்கு கடைக்காரர்களும் கூலித் தொழிலாளர்களும் மாணவர்களும் போடும் சிறு சிறு தொகைகளிலிருந்து வந்தது. 2008-இல் மாநில அரசு இதற்கெனக் கொள்கை அறிவித்தது, உள்ளாட்சிகளும் பங்கெடுத்தன. ஊர் முதலில் நடந்தது, அரசு பின்னால் வந்தது.

இந்தப் பணத்துக்கு யாரும் தலைப்பு ஒட்டித் தருவதில்லை. செவிலியர் சம்பளம், பெட்ரோல், தணிக்கைக் கட்டணம் எதற்கும் ஆகும். கம்பெனிப் பணம் தாமதித்த மாதத்திலும் இது இருக்கும். மாதம் 100 ரூபாய் தரும் இருநூறு பேர் என்றால் மாதம் 20,000 ரூபாய். இருநூறு பேரும் ஒரே நாளில் விலக மாட்டார்கள். ஒரு கம்பெனி ஒரே மின்னஞ்சலில் விலகிவிடலாம். ஆனால் ரசீது, நினைவூட்டல், ஆண்டுக்கு ஒருமுறை கணக்கை ஊர் முன் வைப்பது என்று உழைப்பு அதிகம். 80ஜி சலுகைக்கு ரொக்கம் 2,000 ரூபாய்க்கு மேல் ஆகாது, புதிய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கு அந்தச் சலுகையே இல்லை. இவற்றைக் கொடுப்பவரிடம் முன்பே சொல்லிவிடுவது நல்லது. மிலாப், கெட்டோ போன்ற இணைய தளங்கள் ஒரு குழந்தையின் அறுவை சிகிச்சைக்கு வேகமாகத் திரட்டித் தரும். வராமல் தடுத்த பக்கவாதத்துக்கு அங்கே படம் போட முடியாது.

நம் பட்ஜெட்டை இப்படிப் பிரிப்பேன்: கருவியும் முதலாண்டு ஸ்ட்ரிப்பும் பக்கத்துத் தொழிற்சாலையின் சி.எஸ்.ஆர்., மருந்து ஆரம்ப சுகாதார நிலையம், களப்பணியாளர்களின் சம்பளம் ஊர்ப்பணம், செவிலியரின் சம்பளமும் பயிற்சியும் மூன்றாண்டு நிறைந்ததும் ஓர் அறக்கட்டளை. தணிக்கைக் கட்டணத்தை எப்போதும் ஊர்ப்பணத்திலேயே வைப்பேன், அதற்காக யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை.

சி.எஸ்.ஆர். விண்ணப்பத்தை ஜனவரிக்குள் கொடுத்துவிடுங்கள். அடுத்த நிதியாண்டின் செயல்திட்டத்தைக் கம்பெனியின் சி.எஸ்.ஆர். குழு எழுதும்போது உங்கள் காகிதம் மேசையில் இருக்க வேண்டும், மார்ச் மாதத்து மிச்சத்துக்காக அல்ல. 80ஜி பதிவு இருந்தால், கடந்த ஆண்டு நன்கொடையாளர் விவரங்களை வருமான வரித் துறைக்குத் தாக்கல் செய்ய மே 31 கடைசி நாள்.