டெக்சாஸில் பிள்ளைக்கு லேர்னர் லைசென்ஸ்: வீட்டில் கற்றுத் தருவதா, டிரைவிங் ஸ்கூலா?

பிள்ளைக்குப் பதினான்கு வயது முடிந்தால் போதும், டாலஸ் பக்கத் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் அந்தக் கேள்வி வந்துவிடும்: "எந்த ஆன்லைன் கோர்ஸ் நல்லா இருக்கும்?" நாலு பேர் நாலு லிங்க் போடுவார்கள். ஒருவர் கூப்பன் கோடும் சேர்த்துப் போடுவார். என்னைக் கேட்டால், கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி அது. வகுப்புப் பாடத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதை மாநிலம்தான் முடிவு செய்கிறது. மாநில உரிமத் துறையான டி.டி.எல்.ஆர். அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டால், மற்றபடி வீடியோ அழகாக இருக்கிறதா, ஆப் ஒழுங்காக ஓடுகிறதா என்ற அளவுதான் வித்தியாசம். முதலில் முடிவு செய்ய வேண்டியது, பிள்ளை ஸ்டியரிங் பிடிக்கும்போது பக்கத்து சீட்டில் யார் உட்காரப் போகிறார்கள் என்பதை.

எந்த வழியில் போனாலும் மணிக்கணக்கு ஒன்றுதான். வகுப்புப் பாடம் 32 மணிநேரம். பயிற்றுநரோடு கார் ஓட்டுவது 7 மணிநேரம். இன்னொருவர் ஓட்டுவதைக் காரில் உட்கார்ந்து கவனிப்பது 7 மணிநேரம். இதற்கு மேல் பெரியவர் ஒருவரோடு 30 மணிநேரப் பயிற்சி, அதில் 10 மணிநேரம் இரவில். பதினான்கு வயதில் வகுப்பைத் தொடங்கலாம், பதினைந்தில் லேர்னர் லைசென்ஸ் வாங்கலாம். அதைக் குறைந்தது ஆறு மாதம் கையில் வைத்திருந்தால், பதினாறு வயதில் தனியாக ஓட்டும் தற்காலிக லைசென்ஸ் கிடைக்கும்.

டிரைவிங் ஸ்கூலில் சேர்த்தால் நம் பாடு சுலபம். வகுப்பு பெரும்பாலும் ஒரு நாளைக்கு இரண்டு மணிநேரமாக மூன்று வாரத்துக்கு ஓடும். பயிற்றுநரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். இந்த இரண்டாவது பிரேக்கின் அருமை, முதல்முறை பிள்ளையை ஓட்டவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கைத் தேடித் தரைவிரிப்பை மிதித்தவர்களுக்குத் தெரியும். கட்டணம் ஊருக்கு ஊர் மாறும், பெரும்பாலும் சில நூறு டாலர் ஆகிவிடும். பணத்தைவிடப் பெரிய தொல்லை கார் நேரம் கிடைப்பது. கோடை விடுமுறையில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் சேருவதால், வகுப்பு ஜூனில் முடிந்தாலும் கார் ஓட்டும் நேரம் ஆகஸ்ட் வரை இழுத்தடிக்கும். எங்களுக்குத் தெரிந்த ஒரு ஸ்கூலில் சனிக்கிழமை இடம் கேட்டால் ஒரு மாதம் தள்ளித்தான் தருவார்கள். பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள்: கார் நேரத்தை யார் தீர்மானிப்பது, வீட்டு வாசலுக்கு வந்து அழைத்துப் போவார்களா, ரத்து செய்தால் அபராதம் உண்டா?

அடுத்தது பெற்றோரே கற்றுத் தரும் வழி. டி.டி.எல்.ஆர். இணையதளத்தில் 20 டாலர் கட்டி வழிகாட்டிக் கையேட்டை வாங்க வேண்டும். அதை வாங்கிய பிறகே பாடத்தைத் தொடங்குங்கள். முன்பே சொல்லிக் கொடுத்ததை எல்லாம் கணக்கில் காட்டலாம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். வகுப்புப் பாடத்தை ஆன்லைனில் முடிக்கலாம், மொத்தச் செலவு ஸ்கூலோடு ஒப்பிட்டால் சொற்பம். இந்த வழிக்கு நம் ஆட்களிடம் இவ்வளவு மவுசு இருப்பதற்கு இந்தச் செலவுக் கணக்கும் ஒரு காரணம்.

ஆனால் எல்லாப் பெற்றோரும் பயிற்றுநர் ஆகிவிட முடியாது. கடந்த மூன்று ஆண்டுகளாகச் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்க வேண்டும், போக்குவரத்துக் குற்றத்துக்காக அது முடக்கப்பட்டிருக்கக் கூடாது. சமீபத்தில் இங்கே குடிவந்தவர்கள் முதலில் பார்க்க வேண்டிய விதி இது. எச்1பி வேலை விசாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. நம் லைசென்ஸ் தங்கும் அனுமதியின் தேதியோடு காலாவதி ஆகிவிடும். நீட்டிப்புக்குக் காத்திருக்கும் அந்த இடைவெளியில் லைசென்ஸ் புதுப்பிக்காமல் இருந்தால், நீங்களும் ஓட்ட முடியாது, பிள்ளைக்குப் பக்கத்திலும் உட்கார முடியாது. ஆறு மாதத் திட்டம் போடும்போது இந்தத் தேதியையும் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

சரி, தகுதி இருக்கிறது. குணம் இருக்கிறதா? இதைத்தான் யாரும் கேட்பதில்லை. நம்மில் பலர் ஊரில் எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கியவர்கள். இங்கே வந்து வலதுபக்கம் ஓட்டப் பழகி, வருடக்கணக்கில் ஓட்டி, பழக்கதோஷமும் சேர்த்துக்கொண்டவர்கள். காலி ரோட்டில் ஸ்டாப் சைனைக் கண்டால் முழுசாக நிற்க மாட்டோம், சக்கரம் உருண்டபடியே எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவோம். கவனிப்பு 7 மணிநேரம் என்று ஒன்று இருக்கிறதே, ஸ்கூலில் பிள்ளை பின்சீட்டில் உட்கார்ந்து இன்னொரு மாணவர் திணறுவதைப் பார்ப்பது அது. வீட்டில் கற்றால் அந்த 7 மணிநேரமும் பார்ப்பது நம்மைத்தான். பதினைந்து வயதுப் பிள்ளை பாடத்தில் படித்ததை வைத்துக்கொண்டு, "அப்பா, நீங்க நிக்கவே இல்ல" என்று சொல்லும். அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டு அடுத்த சைனில் நின்றுபோகிறவர் தாராளமாகக் கற்றுத் தரலாம். "எனக்குத் தெரியாதா" என்று எகிறுகிறவர் ஸ்கூலுக்கே பணம் கட்டிவிடுவது குடும்பத்துக்கு நல்லது. பல வீடுகளில் இந்த வேலைக்கு அம்மாவே பொருத்தமானவர்.

வீட்டு வழியின் பெரிய லாபம் ரோடுதான். ஸ்கூல் பயிற்றுநருக்கு 7 மணிநேரம்தான் கணக்கு. ஸ்கூலைச் சுற்றியுள்ள தெருக்களும் ஒன்றிரண்டு தடவை ஹைவேயும் போனாலே அந்த நேரம் தீர்ந்துவிடும். நீங்களோ பிள்ளை தினமும் போகப் போகும் வழியிலேயே ஓட்டவிடலாம். இந்த ஊரில் எங்கும் பார்க்கும், ஹைவேயை ஒட்டியே ஓடும் பக்கச் சாலையான ஃபிரண்டேஜ் ரோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஹைவேயிலிருந்து இறங்கும் வண்டி வேகத்தோடு இடதுபக்கமிருந்து வந்து சேரும். அதே நேரம் ஃபிரண்டேஜ் ரோட்டில் போகும் பிள்ளை ஹைவே ஏற இடதுபக்கம் நகர வேண்டியிருக்கும். கொஞ்ச தூரத்துக்குள் இரண்டு வண்டிகளும் குறுக்கே கடக்க வேண்டும். இதை வீடியோவில் பத்துமுறை பார்த்தாலும் கை பழகாது. நாலு முனையிலும் ஸ்டாப் சைன் உள்ள சந்திப்பில் யார் முதலில் போவது, அம்புக்குறி இல்லாத பச்சை சிக்னலில் இடதுபக்கம் எப்போது திரும்புவது, இவையும் அப்படித்தான். மழைநாளில் ஒருமுறை, இரவில் ஐ-35 ஹைவே வழியில் ஒருமுறை என்று நீங்கள் தேர்ந்தெடுத்துப் போகலாம். உங்கள் காரில் எலக்ட்ரானிக் ஹேண்ட் பிரேக் இருந்தால், அவசரத்துக்கு அது எப்படி வேலை செய்யும் என்று மேனுவலில் முதல் நாளே படித்துவிடுங்கள்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு: வகுப்பு ஆன்லைனில், கார் மட்டும் ஸ்கூலில். கற்றுத் தர நேரமில்லாத, ஆனால் பிள்ளையை வகுப்பறைக்குத் தினமும் கொண்டுவிட மனமில்லாத பெற்றோருக்கு இது சரிப்படும். என் விருப்பமோ கொஞ்சம் வேறு. பெற்றோர் வழியில் பதிவு செய்துகொண்டு, கூடவே ஸ்கூலில் இரண்டு மூன்று பாடம் மட்டும் தனியாக வாங்கிக்கொள்வது. அந்த நேரம் அரசுக் கணக்கில் சேராது என்று வைத்துக்கொண்டே பணம் கட்டுங்கள். முதல் பாடம் தொடக்கத்தில், இரண்டாவது பிரேக் உள்ள காரில். கடைசிப் பாடம் தேர்வுக்கு முன், உங்களிடமிருந்து ஒட்டிக்கொண்ட கெட்ட பழக்கத்தை ஒரு வெளியாள் கண்டுபிடித்துச் சொல்வதற்கு.

"பதினெட்டு ஆகட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்பவர்களும் நிறைய. சட்டம் அவர்களுக்கு இடம் தருகிறது: 18 முதல் 24 வயது வரை 6 மணிநேர வகுப்பு ஒன்று போதும், 30 மணிநேரப் பயிற்சிக் கட்டாயமும் இல்லை. மலிவு, சுருக்கம். எனக்குப் பிடிக்காத வழியும் இதுதான். காலேஜுக்குக் கிளம்பும் அதே கோடையில், பக்கத்தில் யாரும் உட்கார்ந்து பழக்காத பிள்ளை கையில் முழு லைசென்ஸ். இரவு 12 முதல் 5 வரை ஓட்டக் கூடாது, குடும்பத்தார் அல்லாத 21 வயதுக்குக் குறைந்த ஒருவருக்கு மேல் ஏற்றக் கூடாது என்று தற்காலிக லைசென்ஸில் வரும் கடிவாளம்கூட இல்லை.

இன்னொரு தேர்வும் செய்ய வேண்டும். 32 மணிநேரத்தையும் முடித்துவிட்டு லேர்னர் வாங்குவது ஒன்று, முதல் 6 மணிநேரம் முடிந்ததும் வாங்கிவிட்டு மீதியை ஓட்டிக்கொண்டே படிப்பது இன்னொன்று. இதில் எனக்குத் தயக்கமே இல்லை, இரண்டாவதுதான். ஆறு மாதக் கெடு லேர்னர் கைக்கு வந்த நாளிலிருந்துதான் ஓடும். படித்ததை அந்த வாரமே ரோட்டில் செய்து பார்ப்பது வேறு லாபம். மெத்தனமான பிள்ளை லேர்னர் வந்ததும் பாடத்தைக் கிடப்பில் போட்டுவிடும் என்ற பயம் நியாயமானதே. அப்போது சாவி உங்கள் கையில்தான் இருக்கிறது.

லேர்னர் வாங்க, லைசென்ஸ் தரும் மாநிலத் துறையான டி.பி.எஸ். அலுவலகத்துக்குப் பெற்றோர் ஒருவர் கூடப் போக வேண்டும். லேர்னர் கட்டணம் 16 டாலர். மாணவர் பள்ளியில் ஒழுங்காகப் படிக்கிறார் என்ற சான்றுப் படிவத்தைப் பள்ளி அலுவலகம் தரும். பள்ளி நடக்கும் மாதங்களில் அது 30 நாள்தான் செல்லும், கோடைக்கு முன் வாங்கினால் கூடுதல் நாள் உண்டு. மே மாதக் கடைசியில் மறந்துவிட்டால் ஜூனில் பள்ளி வாசலில் ஆள் இருக்காது. எச்1பி-காரரின் குடும்பத்துக்கான எச்4 விசாவில் உள்ள பிள்ளைக்கு சோஷியல் செக்யூரிட்டி எண் இருக்காது. எண் இல்லை என்று உறுதிமொழிப் படிவம் கொடுத்தால் போதும், நாட்டுக்குள் வந்த பதிவான ஐ-94, பாஸ்போர்ட், இரண்டு முகவரிச் சான்று எல்லாம் சேர்த்து எடுத்துப் போங்கள்.

ஓட்டுநர் தேர்வுக்கு முன் இம்பாக்ட் டெக்சாஸ் என்ற இரண்டு மணிநேரப் பாதுகாப்பு வீடியோவைப் பார்த்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். 90 நாளில் அது காலாவதியாகும், சீக்கிரமே பார்த்து வைக்க வேண்டாம். தேர்வை டி.பி.எஸ்.ஸில்தான் ஓட்டிக் காட்ட வேண்டும் என்பதில்லை. அனுமதி பெற்ற டிரைவிங் ஸ்கூல்களும் நடத்துகின்றன, வீட்டில் கற்ற பிள்ளைகளையும் கட்டணம் வாங்கிக்கொண்டு சோதிக்கின்றன. பேரலல் பார்க்கிங் இரண்டு இடத்திலும் உண்டு.