அப்பாவின் செனாப்பாங்: பெயர் மாற்றுவதா, வேலி போடுவதா?

மலேசியாவில், பினாங்கின் பெருநிலப் பக்கம் இருக்கும் நிபோங் திபாலில் எங்களுக்குச் சின்னதாக ஒரு செம்பனைத் தோட்டம். இளங்கன்றைத் தோண்டித் தின்னும் காட்டுப்பன்றிக்காக அப்பா பல வருடம் ஒரு செனாப்பாங், அதாவது 12 போர் வேட்டைத் துப்பாக்கி, வைத்திருந்தார். அவர் காலமானதும் அதைப் போலீஸ் நிலையத்தில் ஒப்படைத்தோம். உரிமம் ஆளுக்குக் கொடுப்பது; நிலத்தோடு சேர்ந்து வாரிசுக்கு வராது. மிச்சம் இரண்டு வழி: என் பெயரில் புதிதாக விண்ணப்பிப்பது, அல்லது துப்பாக்கியை உரிமம் பெற்ற வியாபாரியிடம் தள்ளிவிட்டு மின்வேலி போடுவது. நான் வேலி போட்டுவிட்டேன். தம்பிக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

கட்டணத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. உரிமத்துக்கு ஆகும் காசு சொற்பம், வேலிக்குத்தான் கை கடித்தது. பன்றியை விரட்டுவதில் வெடிச்சத்தத்துக்கு ஈடு இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் துப்பாக்கி உரிமம் இருந்தால் மட்டும் போதாது. பன்றியைச் சுட வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிடம் தனி உரிமம் எடுக்க வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

என்னை முடிவெடுக்க வைத்தது பராமரிப்பு. துப்பாக்கிக்கு எண்ணெய் போடுவதைச் சொல்லவில்லை, உரிமத்தைக் கட்டிக் காப்பதைச் சொல்கிறேன். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி மாநிலப் போலீஸ் தலைவர்தான் உரிமம் தருகிறார். எந்தத் துப்பாக்கி, யார் பெயரில் என்று ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டிருக்கும். வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். வேலையாள் அதைத் தூக்க வேண்டுமென்றால் அவருக்குத் தனி பெர்மிட். உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் அந்தச் சட்டத்தில் 7 ஆண்டு வரை சிறை. துப்பாக்கிக் குற்றங்களுக்கான 1971ஆம் ஆண்டுக் கடும் தண்டனைச் சட்டத்தில் போனால் 14 ஆண்டு வரை, கூடவே ஆறு ரோத்தான் பிரம்படிக்குக் குறையாமல்.

அப்பா அதை வைத்திருந்த விதம் கண்ணில் நிற்கிறது. குழலையும் கட்டையையும் பிரித்து, இரும்பு அலமாரியில் வேட்டிகளுக்குப் பின்னால் வைப்பார். சாவி இடுப்பை விட்டு இறங்காது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போனாலும் இரவே திரும்பிவிடுவார். சொந்தக்காரர் கல்யாணத்தில் ஒரு ராத்திரி தங்கியதில்லை. தோட்டத்து வீட்டிலேயே வாழ்ந்தவர், அவரால் முடிந்தது. நான் பினாங்குத் தீவில், பாயான் லெப்பாசில் அடுக்குமாடியில் இருக்கிறேன், தோட்டத்துக்கு ஞாயிற்றுக்கிழமைதான் போவேன். பன்றி அங்கே, செனாப்பாங் இங்கே, நடுவில் பாலம்.

தம்பி உடனே கனடாவைக் காட்டுவான். 1995இல் சட்டம் போட்டு ரைபிள், வேட்டைத் துப்பாக்கி போன்ற நீள்துப்பாக்கிகளை எல்லாம் பதிவு செய்யச் சொன்னார்கள், செலவு 100 கோடி டாலரைத் தாண்டியது, 2012இல் பதிவேட்டையே தூக்கிவிட்டார்கள், விவசாயியைப் படுத்தியதுதான் மிச்சம் என்பான். செலவு விஷயம் உண்மைதான். ஆனால் அங்கே போனது பதிவேடு மட்டும். ஆளுக்கான உரிமம் இன்றும் இருக்கிறது. நியூசிலாந்து நேர் எதிர்த்திசையில் போனது. பல வருடம் ஆளுக்கு உரிமம் கொடுத்துவிட்டு, சாதாரண நீள்துப்பாக்கிகளைக் கணக்கில் எழுதாமல் விட்டார்கள். 2019 மார்ச் 15 அன்று கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் 51 பேர் கொல்லப்பட்டார்கள். கொன்றவனிடம் முறையான உரிமம் இருந்தது. 2023 ஜூனில் அங்கே பதிவேடு தொடங்கியது. நல்லவர் என்று ஒருவருக்குச் சான்று கொடுத்துவிட்டு, அவர் வீட்டில் எத்தனை இருக்கிறது என்று கேட்காமல் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. நம் ஊர்ச் சட்டம் இரண்டையும் சேர்த்துக் கேட்கிறது. கெடுபிடிதான், ஆனால் நான் அதன் பக்கம். அந்தக் கெடுபிடிக்கு ஈடு கொடுக்க முடியாதவன் துப்பாக்கி வைத்துக்கொள்ளக் கூடாது. அந்தக் கணக்கில் முதலில் கழிந்தது நானே.

வேலியைப் பற்றி அடித்துச் சொல்ல மாட்டேன். சூரியசக்தியில் ஓடுகிறது, இதுவரை பன்றி உள்ளே வரவில்லை. கம்பியில் லாலான் புல் உரசினால் மின்சாரம் இறங்கிவிடுகிறது, அதனால் புல் வெட்ட ஆள் வேண்டும். பெரிய மழைக்காலத்தை இன்னும் அது பார்க்கவில்லை.

தோட்டத்திலேயே குடியிருப்பவர் என்றால் என் முடிவைப் பின்பற்ற வேண்டியதில்லை. பக்கத்துத் தோட்டத்து முதலாளி, சீனத் தவுக்கே, இன்னும் துப்பாக்கி வைத்திருக்கிறார், வருடம் தவறாமல் புதுப்பிக்கிறார். தம்பியிடமும் அதையே சொன்னேன்: நீ தோட்டத்து வீட்டுக்கே குடி வா, உன் பெயரில் விண்ணப்பம் போடு, அலைச்சலுக்கு நான் கூட வருகிறேன் என்று. அவன் மனைவிக்கு பட்டர்வொர்த்தை விட்டு வர மனமில்லையாம்.