கடைசிப் பத்து மீட்டர்: கைபேசிப் புதையல் வேட்டை அமைத்த அனுபவம்

சில ஆண்டுகளாகப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அலுவலகக் குழுக்களுக்கும் நண்பர் கூட்டங்களுக்கும் கைபேசிப் புதையல் வேட்டை அமைத்துக் கொடுத்து வருகிறேன். கைபேசிச் செயலி சொல்லும் இடங்களுக்குப் போய், அங்கே கேட்கும் கேள்விக்கு விடை கண்டு முன்னேறும் ஆட்டம் அது. அதை அமைக்க இரண்டு செயலிகளைப் பயன்படுத்துகிறேன். ஒரு கதை போல வரிசையாக நகர வேண்டுமென்றால் ஆக்‌ஷன்பவுண்ட். கூட்டம் பெரிது, எந்த வேலையை வேண்டுமானாலும் முதலில் முடிக்கலாம் என்றால் கூஸ்சேஸ். இரண்டும் எனக்கு நன்றாகவே உழைக்கின்றன. ஆனால் எந்தச் செயலியில் அமைத்தாலும், ஆட்டம் சூடுபிடிப்பது ஒவ்வொரு நிறுத்தத்தின் கடைசிப் பத்து மீட்டரில்தான். அதுவரை கைபேசி கூட்டிக்கொண்டு வந்துவிடும். அதற்கு மேல் கண்கள் வேலை செய்ய வேண்டும். அந்த வேலையைக் கொடுப்பது துப்பு எழுதுபவரின் பொறுப்பு.

வெட்டவெளியில் ஒரு சாதாரணக் கைபேசி தன் இடத்தைச் சுமார் 5 மீட்டர் துல்லியத்தில் சொல்லும். உயரமான கட்டடங்களுக்கு நடுவே போனால் செயற்கைக்கோள் சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பி வரும். கூடுதல் தூரம் சுற்றி வந்த அந்த சிக்னலை வைத்துக் கணக்குப் போட்டால், கைபேசி தன்னைப் பக்கத்துத் தெருவில் காட்டும். செயற்கைக்கோளின் இரண்டு அலைவரிசைகளைப் படிக்கும் கைபேசிகள் 2018-லிருந்து வருகின்றன, அவற்றில் இந்தத் தொல்லை குறைவு. ஆனாலும் குழுவில் இருப்பதிலேயே பழைய கைபேசியை மனத்தில் வைத்துத்தான் இடம் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஒரு நிறுத்தத்தைச் சுற்றி ஒரு வட்டம் வரைந்து, அதற்குள் வந்ததும் அடுத்த கட்டம் திறக்கும்படி செயலியில் அமைக்கலாம். திறந்த இடங்களில் 25 அல்லது 30 மீட்டர் வட்டம் வைக்கிறேன். குறுகிய தெரு, பாலத்தின் அடி, மரம் அடர்ந்த பாதை என்றால் ஜிபிஎஸ்ஸை நம்பி அடுத்த கட்டத்தைத் திறக்க வைப்பதே இல்லை. அங்கே ஒரு கியூஆர் குறியீடோ, நேரில் பார்த்தால் மட்டுமே விடை தெரியும் கேள்வியோ போதும். சரியான இடத்தில் நின்றுகொண்டிருக்கும்போதே செயலி ‘இன்னும் வந்து சேரவில்லை’ என்று சொன்னால் நல்ல குழுவும் சோர்ந்துவிடும். அப்புறம் வரும் நல்ல துப்பையும் சந்தேகத்தோடுதான் படிப்பார்கள்.

இந்த விளையாட்டு பிறந்ததே துல்லியம் கூடியதால்தான். பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. இடம் 100 மீட்டர் வரை தவறும். 2000 மே 2 அன்று அதை நீக்கினார்கள். மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தில் ஒரு வாளியில் சில பொருட்களை ஒளித்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போட்டார். ஜியோகேச்சிங் அப்படித்தான் தொடங்கியது.

அந்த ஆட்டக்காரர்கள் பின்பற்றும் இரண்டு வழக்கங்களை நானும் எடுத்துக்கொண்டேன். மறைவிடங்களுக்கு நடுவே குறைந்தது 161 மீட்டர், அதாவது பத்தில் ஒரு மைல், இடைவெளி வேண்டும் என்பது ஒன்று. இப்படிச் செய்தால் வட்டங்கள் ஒன்றின் மேல் ஒன்று விழுவதில்லை. மற்றது, மூளைக்கு எவ்வளவு வேலை, காலுக்கு எவ்வளவு வேலை என்று தனித்தனியாக 1 முதல் 5 வரை மதிப்பிடுவது. ஒரே நிறுத்தத்தில் இரண்டும் 3-ஐத் தாண்ட நான் விடுவதில்லை. படியேறி மூச்சு வாங்குபவரிடம் எழுத்துப் புதிரை நீட்டினால் அவர் அதை ரசிக்க மாட்டார்.

துப்பு விஷயத்துக்கு வருகிறேன். ஓர் இடத்துக்கு வரவழைப்பது ஒரு வேலை, வந்த இடத்தில் பார்க்க வைப்பது வேறு வேலை. இரண்டையும் ஒரே வரியில் திணித்தால் இரண்டும் கெடும். வரவழைக்கும் துப்பு எளிதாக இருக்கலாம், வரைபடத்தில் ஒரு புள்ளியாகக்கூட இருக்கலாம். வந்த பிறகு கேட்கும் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் செலவிடுவேன். ‘இந்தக் கட்டடம் எந்த ஆண்டு கட்டப்பட்டது?’ என்பது வீணான கேள்வி. நாற்காலியில் உட்கார்ந்தபடியே தேடிச் சொல்லிவிடலாம். ‘சிலையின் இடது கை எதைப் பிடித்திருக்கிறது?’ என்பதும் பிரபலமான சிலை என்றால் ஆபத்துதான், இணையத்தில் படம் இருக்கும். சிலையின் முதுகுப் பக்கம் போய்ப் பார்க்க வேண்டிய கேள்வி, ஒரு குறிப்பிட்ட படியில் நின்றால் மட்டும் ஒரே கோட்டில் தெரியும் இரண்டு பொருட்கள், கல்வெட்டின் மூன்றாம் வரியில் வரும் மிக நீளமான சொல் என்று கேட்டால் குழுவே சிதறி ஓடித் தேடுகிறது. ஒருவர் கைபேசியைப் பிடித்திருக்க மற்றவர்கள் பின்னால் நடக்கும் நிலை மாறுகிறது. அந்த நிமிடங்களுக்காகத்தான் நான் இதை இத்தனை ஆசையோடு செய்கிறேன்.

தமிழில் விடை வாங்குவதில் தனிக் கவனம் வேண்டும். ஒருவர் ‘தூண்’ என்று அடிப்பார், இன்னொருவர் ‘தூண்கள்’ என்பார், மூன்றாமவர் ஆங்கில எழுத்தில் அடிப்பார். செயலிக்கு இவை மூன்றும் வேறு வேறு. அதனால் விடை எண்ணாக இருப்பதையே விரும்புகிறேன். ஆனால் எண்ண வைக்கும் பொருளுக்குத் தெளிவான விளிம்பு வேண்டும். சுவரோடு ஒட்டிய அரைத்தூணைக் கணக்கில் சேர்ப்பதா இல்லையா என்று குழுக்கள் சண்டை போடக் கூடாது. சொல்லாகத்தான் கேட்க வேண்டுமென்றால் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிவிடுகிறேன்.

கிடைத்த எண்களைக் கொண்டு அடுத்த இடத்தின் ஆயத்தொலைவுகளை, அதாவது அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை, கட்டவைப்பது எனக்கு மிகப் பிடித்த வகை. பாகையும் தசம நிமிடமும் உள்ள வடிவத்தில் (13° 04.567' போல) மூன்றாவது தசம இலக்கத்தில் ஒன்று கூடினாலோ குறைந்தாலோ அட்சரேகையில் 2 மீட்டருக்கும் குறைவான பிசகுதான். இரண்டாவது இலக்கம் என்றால் சுமார் 18 மீட்டர், முதல் இலக்கம் என்றால் 185 மீட்டர். எனவே எண்ணுவதற்குச் சற்றுக் கடினமான விடையைக் கடைசி இலக்கத்தில் வைத்து, உறுதியானதை முன்னால் வைக்கிறேன். எல்லா இலக்கங்களின் கூட்டுத்தொகையையும் சொல்லிவிடுவது நல்லது. கூட்டிப் பார்த்து ஒத்து வராவிட்டால், நடக்கத் தொடங்கும் முன்பே திருத்திக்கொள்வார்கள்.

எல்லாக் குழுக்களும் ஒரே இடத்தில் தொடங்கினால் முன்னால் போகிறவர்களைப் பார்த்தே மற்றவர்கள் போவார்கள். நிறுத்தங்களை ஒரு சுற்றாக அமைத்து, ஒவ்வொரு குழுவையும் வெவ்வேறு இடத்தில் தொடங்க வைத்தால் அந்தத் தொல்லை இல்லை. வாகனம் ஓடும் சாலையைக் கடக்க அவசரப்படுத்தும் நிறுத்தம், தனியார் வளாகம், மக்கள் வழிபடும் இடம் ஆகிய மூன்றையும் தொடக்கத்திலேயே நீக்கிவிடுவேன். ஆக்‌ஷன்பவுண்டில் ஆட்டத்தை முன்கூட்டியே தரவிறக்கிக்கொள்ளலாம், அதை எல்லாரையும் செய்யச் சொல்லுங்கள். கியூஆர் குறியீட்டை அனுமதி வாங்கி ஒட்டுவதாக இருந்தால் பிழை திருத்தும் திறன் மிக அதிகமான ‘எச்’ நிலையில் உருவாக்குங்கள். சுமார் 30 விழுக்காடு சிதைந்தாலும் படிக்கும். பளபளக்கும் தாள் மட்டும் வேண்டாம், வெயிலில் கண்கூசும், கேமராவும் தடுமாறும்.

நீண்ட நாள் ஓடும் வேட்டைக்குப் பராமரிப்புதான் பெரிய வேலை. பலகைக்குப் புதுச் சாயம் அடிப்பார்கள், பழுதுபார்க்கத் திரை கட்டுவார்கள், மரத்தை வெட்டிவிடுவார்கள். அதனால் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் இரண்டாவது கேள்வி ஒன்றை முதல் நாளே எழுதி, இடத்தின் படத்தோடு சேர்த்து வைத்திருக்கிறேன். ஆட்டத்துக்கு முந்தைய நாள், அது நடக்கப்போகும் அதே நேரத்தில், துப்புகளைப் பார்த்திராத ஒருவரோடு முழுப் பாதையையும் நடக்கிறேன். அவர் எங்கே நின்று தயங்குகிறார் என்று பார்த்து, அன்று மாலையே அந்தத் துப்பை மாற்றி எழுதிவிடுவேன்.